மரண அறிவித்தலில் விடுபடுகிற வேலை

ஆசிரியருக்கு,

ரொறன்ரோவில் வாழ்ந்து மறைந்த போர்த்துக்கேயத் தாய் ஒருவரைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட நினைவுக் குறிப்பில் சமையல் இருந்தது, பக்தி இருந்தது, பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். அவர் செய்த வேலை இல்லை. அந்தத் தலைமுறைப் பெண்களைப் பற்றிய மரண அறிவித்தல்கள் பெரும்பாலும் இப்படித்தான்.

1953 மே 13இல் 'சற்றூர்னியா' கப்பலில் கனடாவின் ஹலிஃபக்ஸ் துறைமுகத்துக்கு வந்து இறங்கிய போர்த்துக்கேயக் குடியேறிகள் ஆண்கள். மனைவியர் பின்னால் வந்தார்கள், கணவன் அனுப்பிய 'கார்த்தா த ஷமாதா' என்ற அழைப்புக் கடிதத்தோடு. 1969 வரை மணமான பெண் போர்த்துக்கலை விட்டு வெளியேறக் கணவனின் அனுமதி வேண்டியிருந்தது. ஆகவே கணவன் வந்த ஆண்டையும் மனைவி வந்த ஆண்டையும் தனித்தனியே எழுதுங்கள். இடையில் இருப்பது மனைவி தனியே பிள்ளை வளர்த்த காலம்.

வந்த பெண்களில் பலர் ரொறன்ரோ நகர மையத்து அலுவலகக் கோபுரங்களை இரவில் துப்புரவு செய்தார்கள். 1984இல் ஃபர்ஸ்ற் கனேடியன் பிளேஸ் கட்டடத்தில் ஆறு வாரம் வேலைநிறுத்தம் செய்த துப்புரவுப் பணியாளர்கள் பெரும்பாலும் போர்த்துக்கேயப் பெண்களே. அம்மா எந்தக் கட்டடத்தில், எத்தனையாம் மாடியில் வேலை செய்தார் என்று பிள்ளைகளைக் கேட்டால் தெரியாது. அவர் புறப்படும் நேரம் அவர்கள் நித்திரை. பழைய ரி4 படிவங்களையும் (வேலை கொடுப்பவர் ஆண்டுதோறும் தரும் சம்பளச் சான்று) தொழிற்சங்க அட்டையையும் தேடுங்கள். ஒரு எச்சரிக்கை: ரி4இல் இருப்பது ஒப்பந்த நிறுவனத்தின் பெயர், கட்டடத்தின் பெயர் அல்ல. ஒப்பந்தம் கைமாறினால் பெயரும் மாறும். அதைப் பார்த்து 'நான்கு இடங்களில் வேலை செய்தார்' என்று எழுதிவிடக்கூடாது. நான்கும் ஒரே கட்டடமாக இருக்கலாம்.

அடுத்தது பெயர். போர்த்துக்கேயரிடம் தாய்வழிக் குடும்பப் பெயர் முன்னால், தந்தைவழிப் பெயர் கடைசியில் வருவதே வழக்கம். 'மரியா த கொன்செய்சாவ்' என்பதில் கொன்செய்சாவ் பெரும்பாலும் மாதாவை நினைத்து வைத்த பெயர், குடும்பப் பெயர் அல்ல. கனேடியப் படிவத்தில் அதுவே குடும்பப் பெயராகிவிடும். அப்பா பெயர் குடும்பப் பெயரான நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. போர்த்துக்கலின் அசோர்ஸ் தீவுகளில் பிறப்புப் பதிவைத் தேட 'சாவ் மிகேல் தீவு' என்பது மட்டும் போதாது. எந்தத் தேவாலயப் பங்கு, எந்த நகராட்சி என்பதும் வேண்டும். 1911க்கு முந்திய பிறப்பு என்றால் தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேடு.

சமையல் எழுதுவதானால் அளவோடு எழுதுங்கள். அசோர்ஸ்காரரின் இனிப்புப் பாண் 'மாசா சொவாதா'வுக்கு ஒரு கிலோ மாவு, ஐந்து முட்டை, 300 கிராம் சீனி, 125 கிராம் வெண்ணெய், கால் லீற்றர் பால் என்பது ஓரளவு சரியான கணக்கு. (பாண், கதிரை, சப்பாத்து, யன்னல் எல்லாம் போர்த்துக்கேய மொழியிலிருந்து நமக்கு வந்த சொற்கள்தான்.) பாட்டிமார் கையால் அள்ளிப் போடுவார்கள், கேட்டால் 'போதுமான அளவு' என்பார்கள். மாவுப் பையையும் சீனிப் போத்தலையும் அவர்கள் மா குழைக்க முன்னும் பின்னும் தராசில் நிறுத்துப் பாருங்கள், குறைந்ததே அளவு. பால் கை பொறுக்காத அளவுக்குச் சுட்டால் ஈஸ்ற் செத்துவிடும். சீனியும் வெண்ணெயும் கூடிய மா மெதுவாகவே பொங்கும். அவர்கள் அதைக் கம்பளியால் மூடி வைப்பது அதனால்தான். அவசரப்பட்டு அடுப்பில் வைத்தால் மேலே கறுத்து உள்ளே பச்சையாக இருக்கும்.

வாசகர்,
ரொறன்ரோ