கேபிளை அசைத்தால்தான் கிட்டார் ஒலிக்கிறதா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கேபிளை அசைத்தால் சத்தம் வருகிறது, விட்டால் நின்றுவிடுகிறது என்றால் உடனே பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம்) சந்தேகிக்க வேண்டாம். முதலில் வேறொரு கேபிளைச் செருகிப் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் கோளாறு பெரும்பாலும் கிட்டாரின் அவுட்புட் ஜாக்கில்தான் (கேபிளைச் செருகும் துளை). சால்டரிங் (ஈயப் பற்றவைப்பு) பழக்கம் உள்ளவர்கள் வீட்டிலேயே மாற்றிவிடலாம்.

இது பெரும்பாலும் ஜாக்கை இறுக்கிப் பிடிக்கும் நட் தளர்வதில்தான் தொடங்குகிறது. நட் தளர்ந்ததும், கேபிளைச் செருகும்போதெல்லாம் ஜாக்கும் கூடவே சுழலும். உள்ளே வயர் முறுக்கேறி, பற்றவைத்த இடத்தில் அறுந்துவிடும். வெளியிலிருந்தே நட்டைத் திருகி இறுக்குவதும் அதே வேலையைத்தான் செய்யும்! ஜாக் பொருத்திய பிளேட்டைக் கழற்றி, ஜாக்கை உள்ளே பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். அறுந்தது கிரவுண்ட் வயர் என்றால் ஆம்பில் பேரிரைச்சல் வரும். சிக்னல் வயர் என்றால் கிட்டார் சத்தமே இருக்காது. வயர்கள் நன்றாக இருந்தும் பிளக் லொடலொடவென ஆடினால், ஜாக்கின் உள்ளே பிளக்கை அழுத்திப் பிடிக்கும் தகடு இறுக்கம் இழந்துவிட்டது என்று பொருள். அதைச் சற்று வளைத்துவிட்டால் கொஞ்ச நாள் ஓடும், அவ்வளவுதான்.

சாதாரண கிட்டாருக்கு ஸ்விட்ச்கிராஃப்ட் 11 போன்ற மோனோ ஜாக் போதும். அதன் திருகுமரை 3/8 அங்குலம்; நட்டுக்கு 1/2 அங்குல ஸ்பேனர். விலை குறைந்த கிட்டார்களில் துளை அளவு மாறலாம் என்பதால் பழைய ஜாக்கைக் கையோடு கொண்டுவந்து வாங்குங்கள். 9 வோல்ட் பேட்டரி போடும் ஆக்டிவ் கிட்டார் என்றால் ஸ்டீரியோ ஜாக்தான் வேண்டும். பிளக் உள்ளே போகும்போது பேட்டரியின் நெகடிவ்வை இணைத்துவிடும் சுவிட்ச் அதுதான். வாசித்து முடித்ததும் கேபிளை உருவச் சொல்வதும் அதனால்தான்.

ஸ்ட்ராட் வகையில் பிளேட்டின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் ஜாக் வெளியே வந்துவிடும். லெஸ் பால் வகையில் பக்கவாட்டுப் பிளேட்டுக்கு நான்கு ஸ்க்ரூ. வயரை எடுக்கும் முன் செல்போனில் ஒரு படம் பிடித்து வையுங்கள். புது ஜாக்கில், நடு வளையத்தோடு ஒட்டிய முனை கிரவுண்ட். நீண்டு வளைந்த தகட்டின் முனை சிக்னல். மல்டிமீட்டரில் உறுதிசெய்யுங்கள், வயரின் நிறத்தை நம்ப வேண்டாம். இரண்டும் மாறிவிட்டாலும் சத்தம் வரும். ஆனால் இரைச்சலோடு வரும், கிட்டார் கம்பியைத் தொட்டால் இன்னும் கூடும்.

40 வாட் அயனும், உள்ளே ரெசின் உள்ள 0.8 மி.மீ. 60/40 சால்டர் லெட்டும் போதும். குழாய் வேலைக்கான ஆசிட் ஃப்ளக்ஸைத் தொடவே வேண்டாம், அது செம்பை அரிக்கும். லெட்டை அயனில் உருக்கித் தடவாமல், ஜாக்கின் முனையைச் சூடாக்கி அதன்மேல் உருகவிடுங்கள். ஆறும்வரை வயர் அசையக் கூடாது. பற்று பளபளப்பாக இல்லாமல் மங்கி, சொரசொரவென்று இருந்தால் மறுபடி சூடாக்குங்கள்.

இனி பலர் தவறும் இடம். ஜாக் உட்காரும் குழிக்குள், இரைச்சலைத் தடுக்கப் பூசிய மின்கடத்தும் கறுப்புப் பெயின்டோ செம்புத் தாளோ இருந்தால், பிளக் செருகும்போது வெளியே தள்ளப்படும் தகடு அதைத் தொட்டு ஷார்ட் ஆகும். பிளக் இல்லாதபோது எல்லாம் சரியாகத் தெரியும்! ஆகவே தகடு சுவரைத் தொடாத திசையில் ஜாக்கைத் திருப்பி வைத்து, சுவரில் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள்.

மூடும் முன் கேபிளைச் செருகி, வால்யூமை முழுக்கத் திறந்து, கேபிளின் மறுமுனையில் மீட்டரை ஓம் அளவில் வையுங்கள். ஆக்டிவ் இல்லாத கிட்டார்களில் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் என்றால் 5 முதல் 7 கிலோ ஓம் வரை, ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) என்றால் பெரும்பாலும் அதற்கு மேல் காட்டும். பூஜ்யம் என்றால் ஷார்ட் (வால்யூம் மூடியிருந்தாலும் பூஜ்யம்தான் காட்டும், பதற வேண்டாம்). எதுவுமே காட்டாவிட்டால் இணைப்பு விட்டிருக்கிறது. பிளக்கை ஆட்டிப் பாருங்கள். எண் துள்ளக் கூடாது.

இ.எஸ். 335 போன்ற உட்குடைவான கிட்டார்களில் பிளேட் கிடையாது. ஜாக்கை ஒலித்துளை வழியாக உள்ளே விட்டு, நூல் கட்டி இழுத்துத்தான் பொருத்த வேண்டும். அதை மட்டும் கடைக்கே கொண்டுவந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சர்வீஸ் பிரிவு