ஏட்டின் ஓரத்தைக் காப்போம்: பங்குப் பதிவேடுகளுக்காக ஒரு நன்கொடை வேண்டுகோள்

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

அன்பார்ந்த பங்கு மக்களுக்கும், வேலைக்காகவும் வாழ்க்கைப்பட்டும் ஊர் விட்டுப் போயிருக்கிற நம் பிள்ளைகளுக்கும் பதிவேடு பாதுகாப்புக் குழுவின் வணக்கம்.

நமது கத்தோலிக்கப் பங்குக் கோவில் அலுவலகத்தின் மர அலமாரியில் 23 பதிவேடுகள் இருக்கின்றன. திருமுழுக்கு (ஞானஸ்நானம்) ஏடுகள் 14, திருமண ஏடுகள் 5, இறந்தோர் ஏடுகள் 4. மிகப் பழைய ஏடு 1868-இல் தொடங்குகிறது. சென்ற வடகிழக்குப் பருவமழையில் அலமாரிக்கு நேர் மேலே கூரை கசிந்து இரண்டு ஏடுகள் நனைந்தன. அவற்றை உலர்த்தி எடுத்த கையோடு மற்றவற்றையும் தாள் தாளாகப் பார்த்தோம். மழையைவிடப் பெரிய சேதம் ஏற்கெனவே உள்ளே நடந்துகொண்டிருக்கிறது. மொத்தம் ஏறத்தாழ 2,900 தாள்களில் 1,100 தாள்கள் உடனே செப்பனிட வேண்டிய நிலையில் இருக்கின்றன. இந்தப் பணிக்கு ரூ. 3,50,000 ஆகும். பங்குத் திருவிழா மிச்சத்திலிருந்து ரூ. 60,000 ஒதுக்கியாயிற்று. மீதி ரூ. 2,90,000-க்கு உங்களிடம் வருகிறோம்.

கொடிமரத்துக்கும் தேருக்கும் கேட்டால் மனம் நிறைந்து தருகிற மக்கள் நீங்கள். அவை கண்ணுக்குத் தெரிபவை. அலமாரிக்குள் கிடக்கிற ஏட்டுக்கு ஏன் தர வேண்டும் என்பதை விளக்கிச் சொல்வது எங்கள் கடமை.

திருச்சபையின் ஏழு அருள்சடங்குகளான திருவருட்சாதனங்களில் திருமுழுக்கு, உறுதிபூசுதல், குருத்துவம் ஆகிய மூன்றும் ஆன்மாவில் அழியாத முத்திரை பதிப்பவை. ஒருவர் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அவற்றைப் பெற முடியும். திருமணமும் துணைவர் உயிரோடு இருக்கும்வரை பிணைக்கிறது. ஆகவே ஒருவர் எந்தத் திருவருட்சாதனத்தை ஏற்கெனவே பெற்றிருக்கிறார் என்று திருச்சபைக்குத் தெரிந்தாக வேண்டும். 1563-இல் ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம், மணமக்கள், சாட்சிகள் பெயர்களையும் ஞானப்பெற்றோர் பெயர்களையும் பங்குக்குரு ஏட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. இன்றைய திருச்சபைச் சட்டத்தின் 535-ஆம் விதி ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கு, திருமண, இறந்தோர் ஏடுகள் இருக்க வேண்டும், பழைய ஏடுகளையும் கவனமாகக் காக்க வேண்டும் என்கிறது.

பலருக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். திருமுழுக்கு ஏட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் ஒரு ஓரம் விட்டிருப்பார்கள். குழந்தையின் பெயர், பிறந்த நாள், திருமுழுக்கு நாள், பெற்றோர், ஞானப்பெற்றோர், திருமுழுக்குக் கொடுத்த குரு ஆகிய விவரங்கள் நடுவில் இருக்கும். அந்தக் குழந்தை வளர்ந்து உறுதிபூசுதல் பெறும்போதும், திருமணம் செய்யும்போதும், குருவாகவோ துறவியாகவோ ஆகும்போதும் அந்தச் செய்தி எந்த ஊரில் நடந்தாலும் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கே திரும்பி வந்து, அந்த ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும். திருமணம் செல்லாது என்று திருச்சபை நீதிமன்றம் தீர்ப்பளித்தால் அதுவும் அங்கேதான் ஏறும். மும்பையில் தாலி கட்டினாலும் குவைத்தில் உறுதிபூசுதல் பெற்றாலும், நம் ஊரில் ஒரு விரற்கடை அகல ஓரத்தில்தான் ஒருவருடைய அருள்வாழ்வு முழுவதும் வந்து சேர்கிறது. திருமணத்துக்கு முன் ஆறு மாதத்துக்குள் எடுத்த திருமுழுக்குச் சான்றிதழைப் பங்குத்தந்தை கேட்பது இதனால்தான். இருபது வருடத்துக்கு முன் வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கிற சான்றிதழில் இந்த ஓரக்குறிப்புகள் இருக்காது.

ஏழு திருவருட்சாதனங்களில் ஒன்றான பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவதற்கு, எந்த ஏடும் கிடையாது, இருக்கவும் கூடாது. மன்னிக்கப்பட்டதை எந்த மையும் எழுதி வைப்பதில்லை. மற்றவற்றை எழுதி வைப்பதும் இதை எழுதாமல் விடுவதும் ஒரே அக்கறையிலிருந்து வருபவை என்றே நாங்கள் புரிந்துகொள்கிறோம்.

தாள் அழிந்தால் பெற்ற அருள் அழிந்துவிடாது. பதிவு காணாமற்போனவர் திருமுழுக்குப் பெற்றதை நம்பகமான ஒரு சாட்சியின் வாக்குமூலத்தாலேயே நிறுவலாம் என்று 876-ஆம் விதி வழி விட்டிருக்கிறது. ஆனால் எழுபது வயதுக்காரருக்கு அப்படி ஒரு சாட்சியை எங்கே தேடுவது? தேடியும் ஐயம் தீராவிட்டால் ‘ஏற்கெனவே பெறவில்லையென்றால்’ என்ற நிபந்தனையோடு திருமுழுக்குக் கொடுக்க வேண்டிய நிலை வரும். ஓரம் மட்டும் அழிந்தால் இன்னும் சிக்கல். ஏற்கெனவே மணமானவர் மணமாகாதவராகத் தெரிவார்.

இனி ஏடுகளுக்கு நேர்ந்திருப்பதைச் சொல்கிறோம். பழைய ஆறு ஏடுகளில் இருப்பது மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மை. எழுதும்போது வெளிறி இருந்து, காற்றுப் பட்டதும் கறுத்து, தாளின் நாருக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். அழிக்க முடியாத மை என்பதால்தான் அக்காலக் குருக்கள் அதை நம்பி எழுதினார்கள். அந்த மையிலுள்ள அமிலமும் இரும்பும் காலப்போக்கில் தாளை அரிக்கின்றன. முதலில் எழுத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரியும். பிறகு எழுத்து பின்பக்கம் ஊடுருவும். கடைசியில் எழுத்தின் கோட்டிலேயே தாள் வெட்டுப்பட்டு, பெயர் இருந்த இடத்தில் பெயர் வடிவத்திலேயே ஓட்டை விழும். கடலோர ஈரக்காற்று இதை வேகப்படுத்துகிறது.

மற்ற ஏடுகளில் சேதத்துக்குக் காரணம் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு செய்த ரிப்பேர்தான். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டியிருக்கிறார்கள். அதன் பசை சில வருடங்களில் மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிவிடும், டேப் மட்டும் உதிர்ந்து விழும். சில தாள்களை லேமினேஷன் செய்திருக்கிறார்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரிக்க வழியில்லை, உள்ளே அடைபட்ட அமிலம் தாளைத் தின்றுகொண்டே இருக்கும். எல்லாவற்றிலும் மோசமானது மறுபைண்டிங். பைண்டிங் கடையில் மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் சீவி நேராக்கித் தருவார்கள், பார்க்க அழகாக இருக்கும். நம் ஏடுகளில் இரண்டு அப்படிச் சீவப்பட்டு, ஓரக்குறிப்புகளில் பாதி எழுத்துகள் போய்விட்டன. மைதாப் பசையில் பூச்சிக்காக மயில்துத்தம் கலப்பதும் கடைகளில் வழக்கம். பூச்சி வராது, ஆனால் செம்பு சேர்ந்த அந்த உப்பு தாளைக் கெடுக்கும்.

ஆகவே எந்த ஏடும் வெளிக் கடைக்குப் போகாது. காகிதப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவர் இங்கே வந்து, பங்கு வளாகத்திலேயே வேலை செய்வார். மறைமாவட்ட ஆயரின் எழுத்து ஒப்புதல் வாங்கியாயிற்று.

வேலை நடக்கும் விதம் இது. முதலில் மென்மையான தூரிகையால் ஒவ்வொரு தாளையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்து, தூசியையும் பூஞ்சணத்தையும் எடுப்பார்கள். பூஞ்சணத் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். பூச்சி இருக்கும் ஏட்டை பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் குளிரூட்டினால் புழுவும் முட்டையும் சாகும். மருந்து அடிக்கத் தேவையில்லை. வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வருமுன் பிரித்தால் ஏடு வியர்த்து ஈரமாகிவிடும்.

செப்பனிடும் முன்பே படம் எடுத்துவிட வேண்டும். கையாளும்போது உதிரக்கூடிய எழுத்துகள் அதற்குள் பதிவாகிவிடும். சாதாரண ஸ்கேனரில் ஏட்டைக் கவிழ்த்து அழுத்தினால் முதுகு உடையும். ஆகவே ஏட்டைப் பாதி திறந்த நிலையில் தாங்கும் தொட்டிலில் வைத்து மேலிருந்து கேமராவால், ஃபிளாஷ் இல்லாமல் எடுப்பார்கள். பக்கத்தின் நான்கு ஓரமும் படத்தில் தெரிந்தாக வேண்டும். ஓரம் வெட்டுப்பட்ட படத்துக்குப் பணம் தருவதில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறோம்.

அடுத்து மைச் சோதனை. பாத்தோபினாந்த்ரோலின் என்ற வேதிப்பொருள் தடவிய சிறு தாளை நனைத்து, ஒற்றி, எழுத்தின் மேல் வைத்தால், அரிக்கக்கூடிய இரும்பு இருக்குமிடத்தில் அது ஊதாச்சிவப்பாக மாறும். அப்படி மாறுகிற தாள்களில் தண்ணீர் அதிகமுள்ள பசையைத் தொடவே கூடாது. ஈரம் பட்டால் இரும்பு எழுத்தை விட்டு நகர்ந்து நல்ல தாளையும் அரிக்கும். ஜெலட்டின் பூசி உலர்த்திய மெல்லிய ஜப்பானியத் தாளை மிகக் குறைந்த ஈரத்தில் ஒட்டுவார்கள். மற்ற தாள்களுக்குக் கோதுமை மாச்சத்துப் பசை போதும். இரண்டையும் எப்போது வேண்டுமானாலும் பிரிக்கலாம், அதுதான் முக்கியம். மிக மோசமானவற்றுக்கு மட்டும் கால்சியம் பைட்டேட், கால்சியம் பைகார்பனேட் கரைசல்களில் அரிக்கும் இரும்பை அடக்கி அமிலத்தை நீக்கும் சிகிச்சை. அதுவும் அந்தப் பக்கத்தில் கரையக்கூடிய வேறு மையோ முத்திரையோ இல்லையென்று பார்த்த பிறகு. முடிந்ததும் ஓரம் சீவாமல் நூலால் தைத்துக் கட்டுவார்கள்.

பழைய பதிவுகள் இலத்தீனில் இருப்பதால் பெயர்ப் பட்டியல் தயாரிப்பது தனி வேலை. ஏட்டில் ‘யோசேபுஸ்’ என்றிருப்பவர் வீட்டில் சூசை, ‘பெத்ருஸ்’ என்பவர் ராயப்பர், ‘யோவான்னெஸ்’ என்பவர் அருளப்பர். பேரன் பேத்திகள் சூசை என்று தேடி, இல்லையென்று திரும்பிப் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு பெயரையும் ஏட்டில் உள்ளபடியும் வழக்கில் உள்ளபடியும் இரண்டு நெடுவரிசையில் எழுதுவோம். இதற்குக் கூலி இல்லை, தன்னார்வலர்கள் செய்வார்கள். ஏடுகளில் தத்து எடுத்தது, தந்தை பெயர் எழுதப்படாதது போன்ற குடும்ப விவரங்கள் உண்டு. ஆகவே தன்னார்வலர்கள் இரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். படங்கள் இணையத்தில் ஏறாது. சான்றிதழ் இப்போது போலவே பங்குத்தந்தையின் கையெழுத்தோடும் பங்கு முத்திரையோடும் மட்டுமே கிடைக்கும். படங்களின் ஒரு பிரதி பங்கிலும் ஒரு பிரதி ஆயர் இல்ல ஆவணக் காப்பகத்திலும் இருக்கும்.

செலவுக் கணக்கு. 1,100 தாள்களைச் செப்பனிடத் தாளுக்கு ரூ. 90 வீதம் ரூ. 99,000. ஒன்பது ஏடுகளை மறுபடி தைத்துக் கட்ட ரூ. 3,500 வீதம் ரூ. 31,500. அமிலமில்லா அட்டைப் பெட்டிகள் 23, ஒன்று ரூ. 1,200 ஆக ரூ. 27,600. 5,800 பக்கங்களைப் படமெடுக்கப் பக்கத்துக்கு ரூ. 8, ஆக ரூ. 46,400. இரண்டு ஹார்ட் டிஸ்க் ரூ. 11,000. தீ தாங்கும் இரும்பு அலமாரி ரூ. 68,000. கூரைக் கசிவை அடைத்து, அறையில் எக்சாஸ்ட் ஃபேன் போட ரூ. 45,000. ஈரப்பதமானி இரண்டுக்கு ரூ. 2,500. எதிர்பாராத செலவுக்கு ரூ. 19,000.

அலமாரி பற்றி ஒரு கேள்வி வந்தது, சாதாரண பீரோ போதாதா என்று. இரும்பு பீரோவை நெருப்பு சூடாக்கினால் உள்ளே இருக்கும் தாள் தீப்படாமலே கருகும். தீ தாங்கும் அலமாரியின் சுவர்களுக்குள் வெப்பத்தைத் தடுக்கும் அடைப்பு உண்டு. அதைச் சுவரிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வைத்தால் கறையானும் சுவர் ஈரமும் எளிதில் எட்டாது. அறையின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். வாரம் இருமுறை கோவில் பணியாளரான கோவில்பிள்ளை அளவைக் குறித்து வைப்பார். அந்துருண்டை போடுவதை நிறுத்திவிட்டோம். அது பூஞ்சணத்தைத் தடுக்காது, அறையில் உட்காருபவருக்கும் நல்லதல்ல. திருஎண்ணெய்க் குப்பிகள் இதுவரை ஏடுகளுக்கு மேல்தட்டில் இருந்தன. அவற்றைச் சக்கிறீஸ்துக்கு (திருப்பலிப் பொருட்கள் வைக்கும் அறைக்கு) மாற்றியாயிற்று.

ரூ. 90 கொடுத்தால் ஒரு தாள். ஓர் அன்பியம் (பக்கத்துக் குடும்பங்களின் குழு) சேர்ந்து ரூ. 3,500 கொடுத்தால் ஓர் ஏட்டுக்குக் கட்டு. இயலாதவர் ஜெபமாலை சொல்லிச் செபித்தாலும் நிறைவு. பணம் தந்தவர், தராதவர் என்று பார்த்துச் சான்றிதழ் வழங்கும் வழக்கம் இங்கே இல்லை, வரவும் வராது. ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் கோவில் முகப்பில் மேசை இருக்கும். மற்ற நாட்களில் பங்கு அலுவலகத்தில் தரலாம். வங்கியில் செலுத்துவோர் பங்கின் பெயரிலுள்ள கணக்கில் மட்டும் செலுத்துங்கள், எண் அறிவிப்புப் பலகையில் உள்ளது. எவருடைய சொந்தக் கணக்கிலும் போட வேண்டாம். எல்லாத் தொகைக்கும் ரசீது உண்டு. இது வழிபாட்டு அமைப்பின் பணி என்பதால் நன்கொடைக்கான வருமான வரிவிலக்குக் கிடைக்காது. வெளிநாட்டில் வேலை செய்யும் இந்தியக் குடிமக்கள் தம் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் தருவது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை ஆகும், அதைப் பங்குக் கணக்கில் பெற இயலாது. அவர்கள் அருள்கூர்ந்து அனுப்ப வேண்டாம்.

குறித்த நோக்கத்துக்குத் தந்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டத்தின் 1267-ஆம் விதி. மாதத்தின் முதல் ஞாயிறு வரவு செலவு பலகையில் ஒட்டப்படும். மிஞ்சினால் புதிய பதிவேடுகளுக்கு அமிலமில்லாத் தாள் வாங்கப்படும்.

மழை ஓய்ந்த ஜனவரியில் தொடங்கி, வெயில் காய்கிற மார்ச்சுக்குள் தாள் வேலையை முடிக்க வேண்டும். ஆகவே கிறிஸ்து பிறப்பு விழாவுக்குள் உங்கள் பங்களிப்பு வந்து சேர்ந்தால் நலம்.

பணத்தோடு இன்னொன்றும் கேட்கிறோம். உங்கள் வீட்டுப் பெட்டியில் தாத்தா பாட்டியின் பழைய திருமுழுக்கு, திருமணச் சான்றிதழ்கள் இருந்தால் கொண்டு வாருங்கள். படம் எடுத்துக்கொண்டு அப்போதே திருப்பித் தருவோம். சீவப்பட்ட ஓரங்களை நிரப்ப அவை உதவும். வேறு பங்கில் திருமணம் முடித்தவர்கள், அந்த அறிவிப்பு நம் ஏட்டில் ஏறியிருக்கிறதா என்று அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ஏறவில்லையென்றால் திருமணம் நடந்த பங்கிலிருந்து கடிதம் வாங்கி வந்தால் போதும், அன்றே குறித்துவிடலாம்.

இறை ஆசீருடன்,
பங்குப் பேரவை, நிதிக்குழு, பதிவேடு பாதுகாப்புக் குழு