சங்கத்தோட வெப்சைட் ரீடிசைன் பத்தின புகார், நாலாவது தடவையா எழுதுறேன்

மேனேஜர் அவர்களுக்கு,

வணக்கம். எங்க தொழில்முறை சங்கத்தோட கௌரவச் செயலாளரா இதை எழுதுறேன். கான்ட்ராக்ட் நம்பர், சைட் பேரு எல்லாம் உங்க சிஸ்டத்துல இருக்கு, இதுக்கு முன்னாடி போட்ட மூணு மெயில்லயும் இருக்கு, ஏழு டிக்கெட்லயும் இருக்கு, அதனால திரும்ப எழுதல. தயவு செஞ்சு இந்தத் தடவையும் "உங்க இஷ்யூவை கொஞ்சம் டீடெயிலா சொல்லுங்க மேடம்"னு பதில் போட்டுறாதீங்க. சொல்லிச் சொல்லி ஓஞ்சு போயிட்டேன்.

அவசரமானதை முதல்ல சொல்லிடுறேன். உங்க புது சைட்டுல எங்க ஆயுள் உறுப்பினர்கள் ஒருத்தர் விடாம எல்லாரும் "எக்ஸ்பயர்ட்"னு சிவப்புப் பட்டைல நிக்கிறாங்க. நிக்கிறதோட போச்சா, சைட் லைவ் ஆன அன்னிக்கு ராத்திரியே உங்க ஆட்டோ மெயில் வேற அத்தனை பேருக்கும் போயிருக்கு: "உங்கள் உறுப்பினர் காலம் 01-01-1970 அன்று முடிவடைந்தது, உடனே புதுப்பிக்கவும்." ரெண்டு நாள் கழிச்சு எங்க முன்னாள் தலைவர் ஒருத்தர், எண்பது வயசைத் தாண்டினவர், அந்த மெயிலை பிரிண்ட் எடுத்து நாலா மடிச்சு சட்டைப் பாக்கெட்டுல வச்சு எடுத்துட்டு வந்தாரு. 1970ங்கிறதுக்கு அடியில பேனாவால கோடு போட்டிருந்தாரு. திட்டல, சத்தம் போடல. "நான் இன்னும் மெம்பர் தானம்மா?"ன்னு மட்டும் கேட்டாரு. எனக்கு அந்த இடத்துலயே கண்ணு கலங்கிருச்சு. இந்தச் சங்கத்தோட நடத்தை விதிகளை உக்காந்து எழுதினவங்கள்ல அவரும் ஒருத்தர்.

அது என்ன 1970னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்ல. எங்க பழைய லிஸ்டுல ஆயுள் உறுப்பினருக்கு முடிவுத் தேதி கட்டம் காலியா இருக்கும், ஏன்னா அவங்களுக்கு முடிவுத் தேதியே கிடையாது. உங்க இம்போர்ட் அந்தக் காலியை பூஜ்யம்னு எடுத்துக்கிச்சு, கம்ப்யூட்டர் தேதியை எண்ணுற யூனிக்ஸ் கணக்குல பூஜ்யம்னா 1970 ஜனவரி 1. எங்க மெம்பர் ஒருத்தரோட பொண்ணு ஸ்கிரீன்ஷாட்டைப் பாத்ததுமே ரெண்டு நிமிஷத்துல இதைச் சொல்லிருச்சு. வெப்சைட் பண்றதையே தொழிலா வச்சிருக்கிற உங்களுக்கு அஞ்சு வாரமாவா தெரியல? அஞ்சு வாரமா "டெவலப்மென்ட் டீம் பாத்துக்கிட்டு இருக்காங்க"ங்கிற ஒரே பல்லவி.

பாக்குறாங்களோ இல்லையோ, உங்க சப்போர்ட்டுல ஒரு தம்பி இருக்காரு, அவரு என் ரெண்டாவது டிக்கெட்டுக்கு போன்ல சொன்ன பதிலை அப்படியே எழுதுறேன், ஒரு வார்த்தை கூட்டல, குறைக்கல. "டேட்டா நீங்க குடுத்தது தானே மேடம். உங்க மெம்பர்ஸ் எல்லாம் வயசானவங்க, அவங்களுக்கு லாகின் பண்ணவே தெரியாது, அதுக்கு நாங்க என்ன பண்றது?" சொல்லிட்டு டிக்கெட்டை "யூசர் எரர்"னு போட்டு க்ளோஸ் பண்ணிட்டாரு. அந்த வயசானவங்க தான் கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடியே பேரேட்டுல கையால எழுதி இந்த மெம்பர் லிஸ்டை உருவாக்கினவங்க. அவங்க பண்ணின எரர் என்னன்னு எனக்கு எழுத்துல சொல்லுங்க. இதுக்கு மட்டும் கண்டிப்பா பதில் வேணும்.

மெம்பர் நம்பர் விஷயமும் அதே தம்பி தான். எங்க நம்பர் எல்லாம் அஞ்சு இலக்கம், பழையவங்களுக்கு முன்னாடி பூஜ்யம் வரும், 00417 மாதிரி. உங்க ஆளு யாரோ எங்க லிஸ்ட் இருந்த சிஎஸ்வி ஃபைலை எக்செல்ல தொறந்து அப்படியே சேவ் பண்ணியிருக்காங்க, எக்செல் முன்னாடி இருக்கிற பூஜ்யத்தை எல்லாம் முழுங்கிரும்னு ஸ்கூல் பிள்ளைக்குக் கூட தெரியும், இப்ப உங்க டேட்டாபேஸ்ல அந்த 00417 மெம்பர் வெறும் 417. ஆனா அவரோட சர்டிபிகேட்டுல 00417, அடையாள அட்டைல 00417, அதைப் பாத்து அடிச்சா "இன்வாலிட் மெம்பர்". இதைச் சொன்னதுக்கு "பூஜ்யத்தை விட்டுட்டு அடிக்கச் சொல்லுங்க மேடம், சிம்பிள்"ங்கிறாரு. ஒரு தொழில்ல இருக்கிறவங்களுக்கு பதிவு நம்பர்ங்கிறது கையெழுத்து மாதிரி. அதைத் திருத்திக்கோன்னு மெம்பர்கிட்ட சொல்ல இவரு யாரு?

அந்த செவ்வாய்க்கிழமையை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். உங்க ஆபீஸ்ல இருந்து தான் போன் வந்துச்சு, திருத்தின லிஸ்டை மெயில்ல அனுப்பாதீங்க, மெம்பர்களோட அட்ரஸ் போன் நம்பர் எல்லாம் இருக்கு, செக்யூரிட்டி இல்ல, நேர்ல பென்டிரைவ்ல கொண்டு வாங்க, 11 மணிக்கு ப்ராஜெக்ட் மேனேஜர் இருப்பாருன்னு. சரின்னு மூணு ராத்திரி உக்காந்து நானும் எங்க பொருளாளரும் ஒவ்வொரு வரியா பழைய பேரேட்டோட ஒத்துப் பாத்து திருத்தினோம், அவரு படிப்பாரு நான் டிக் அடிப்பேன். வேலைக்கு அரை நாள் லீவு போட்டேன், ரெண்டு பஸ் மாறி பத்தே முக்காலுக்கே வந்துட்டேன். ப்ராஜெக்ட் மேனேஜர் வேற க்ளையன்ட் மீட்டிங்காம். வரவேற்பறைல இருக்கிற அந்த மஞ்ச சோபால ரெண்டேகால் மணி வரைக்கும் உக்காந்திருந்தேன், கைப்பைக்குள்ள பென்டிரைவை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, ஒருத்தர் கூட என்னன்னு கேக்கல. அப்புறம் ஒருத்தர் வந்தாரு. குரலைக் கேட்டதுமே தெரிஞ்சுருச்சு, அதே தம்பி. உக்காரக் கூட இல்ல, நின்னுக்கிட்டே சொன்னாரு: "பென்டிரைவ் எங்க சிஸ்டத்துல போடக் கூடாது மேடம், கம்பெனி பாலிசி. மெயில்ல அனுப்பிருங்க." நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள, "இதுக்காகவா இவ்ளோ தூரம் வந்தீங்க?"ன்னு வேற கேட்டுட்டு போனை நோண்டிக்கிட்டே உள்ள போயிட்டாரு.

அன்னிக்கு போன அரை நாள் லீவை யாரு தருவாங்க?

கோவத்துல எல்லாம் முன்ன பின்ன வருது, மன்னிக்கணும். உங்க டிசைனர் பொண்ணு மேல எனக்கு எந்தக் குறையும் கிடையாது, பொறுமையா கேட்டாங்க, போன் பண்ணா எடுத்தாங்க. பாஸ்வேர்டு எல்லாரும் புதுசா வச்சுக்கணும்னு சொன்னதையும் நான் குத்தம் சொல்லல, பழைய பாஸ்வேர்டை யாரும் எடுத்துப் பாக்க முடியாத மாதிரி ஹாஷ் பண்ணி வச்சிருப்பாங்க, சிஸ்டம் மாறும்போது அதைக் கொண்டு வர்றது கஷ்டம்னு அவங்க விளக்கினாங்க, புரிஞ்சுது. ஆனா அந்த ரீசெட் மெயில் பாதிப் பேருக்கு ஸ்பாம்ல போய் விழுந்துச்சு, பாதிப் பேருக்கு வரவே இல்ல, ஏன்னா புது சர்வர்ல இருந்து எங்க பேர்ல மெயில் போகுறதுக்கு இது நாங்க அனுப்புறது தான்னு காட்டுற எஸ்பிஎஃப், டிகேஐஎம் ரெண்டு ரெக்கார்டும் எங்க சைட் முகவரியோட டிஎன்எஸ் பதிவுல போடவே இல்ல. நேம்சர்வர் மாத்தின அன்னிக்கு எங்களுக்கு வர்ற மெயில் எந்த சர்வருக்குப் போகணும்னு சொல்ற எம்எக்ஸ் ரெக்கார்டையும் விட்டுட்டீங்க, ரெண்டு நாள் சங்கத்துக்கு ஒரு மெயில் கூட வரல. சந்தா புதுப்பிக்கிற மாசம் அது! லைவ் பண்ணணும்னு நீங்களா பாத்துக் குறிச்ச தேதி, வேணாம் அடுத்த மாசம் வச்சுக்கலாம்னு நான் மெயில் போட்டிருக்கேன், எடுத்துப் பாருங்க.

சந்தா கட்டினவங்க கதை இன்னும் மோசம். பணம் அக்கவுன்ட்ல இருந்து போயிருது, ஆன்லைன்ல பணம் வாங்குற கேட்வேல "சக்ஸஸ்"னு இருக்கு, உங்க டாஷ்போர்டுல அந்த மூணாவது டேப்ல "பெண்டிங்"னே நிக்குது. கேட்வே பணம் வந்துருச்சுன்னு சொல்ற தகவலை உங்க சைட் வாங்கிக்கல. அதனால ஜனங்க திரும்பக் கட்டுறாங்க, ரெண்டு தடவை கட்டினவங்களுக்கு எங்க பொருளாளர் பேங்க் ஸ்டேட்மென்டை விரிச்சு வச்சுக்கிட்டு ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணிக்கிட்டு இருக்காரு. அவருக்கு இதுக்கு சம்பளம் கிடையாது, எங்க யாருக்குமே கிடையாது, எல்லாரும் சொந்த வேலை முடிச்சுட்டு வந்து உக்காந்து பாக்குறவங்க. நாப்பது வருஷமா சங்கம் சேத்து வச்ச பேரு ஒரே ராத்திரில அழிஞ்சு போச்சு, இனிமே எங்களை ஒருத்தனும் நம்ப மாட்டான்.

இதுக்கு நடுவுல மூணாவது வாரம் ஒரு மெம்பர் சொல்றாரு, சங்கத்துப் பேரை முழுசா அடிச்சாலும் கூகுள்ல சைட் வரலன்னு. கேட்டா, தேடல்ல மேல கொண்டு வர்ற எஸ்இஓ வேலை தனி பேக்கேஜ் மேடம், கொட்டேஷன் அனுப்பவான்னு கேக்குறீங்க. அது எஸ்இஓவே இல்ல. டெஸ்ட் சைட்டா இருந்தப்ப சைட்டை ஓட்டுற வேர்ட்பிரஸ் செட்டிங்ஸ்ல ரீடிங் பக்கத்துல தேடுபொறி இந்த சைட்டை எடுக்க வேணாம்னு ஒரு டிக் போட்டிருந்தீங்க, லைவ் பண்ணப்ப எடுக்க மறந்துட்டீங்க. ஒரே ஒரு டிக். அதைக் கண்டுபிடிச்சதும் அந்த மெம்பரோட பொண்ணு தான், உங்க டீம் இல்ல.

எங்க நடத்தை விதிகள் பிடிஎஃப் எங்க போச்சு? மத்த சங்கங்க, காலேஜுங்க எல்லாம் அந்த லிங்கைத் தான் வருஷக்கணக்கா குடுத்து வச்சிருக்காங்க, தொட்டா "பக்கம் இல்ல"ன்னு 404. பழைய முகவரி ஒவ்வொண்ணையும் புதுசுக்கு 301 ரீடைரக்ட் போடணும், குறைஞ்சது ஒரு வருஷமாவது வச்சிருங்கன்னு கூகுளே சொல்லுது, நீங்க ஒண்ணு கூட போடல. ஆனா முகப்புல கோட்டு போட்ட யாரோ அஞ்சு பேரு சிரிச்சு கை குலுக்குற ஸ்லைடர் மட்டும் ஜம்முனு ஓடுது, அவங்க யாரும் எங்க மெம்பர் கிடையாது. அதுக்குக் கீழ வெள்ளைல வெளிறிப் போன சாம்பல் எழுத்து. சாதாரண எழுத்துக்கு கான்ட்ராஸ்ட் 4.5க்கு 1 இருக்கணும்னு எல்லாராலயும் படிக்க முடியுற மாதிரி சைட் இருக்கணும்ங்கிற டபிள்யூசிஏஜி விதி சொல்லுது, உங்க ப்ரபோசல்லயே அந்த விதிப்படி செய்வோம்னு எழுதியிருந்தீங்க, அதை நம்பித் தான் கமிட்டில உங்களுக்கு கை தூக்கினேன். தூக்கினதுக்கு இன்னிக்கு அதே கமிட்டில தலை குனிஞ்சு நிக்கிறேன்.

முதல் மீட்டிங்லயே சொன்னேன். எங்களுக்கு ஹோம் பேஜ் எப்படி இருந்தாலும் பரவாயில்ல, மெம்பர் லிஸ்ட் தான் சங்கம், யாரு மெம்பர், எந்த வகை, எது வரைக்கும், தொடர் பயிற்சிப் புள்ளி எவ்ளோ, இதெல்லாம் ஒழுங்கா வரணும்னு. நீங்க அதை நோட்டுல கூட எழுதல, கலர் பத்தியே பேசிக்கிட்டு இருந்தீங்க. அதனால தான் பழைய சைட்டுல போன் நம்பரை மறைச்சு வச்சிருந்தவங்க நம்பர் கூட புது டைரக்டரில லாகின் இல்லாமலே யாரு வேணா பாக்குற மாதிரி ரெண்டு நாள் கெடந்துச்சு. ஒரு பெண் மெம்பருக்கு நடுராத்திரில யாருன்னே தெரியாதவன்கிட்ட இருந்து போன் வந்திருக்கு. இதை ஒரு கம்பெனி மன்னிப்புக் கூட கேக்காம "ஃபிக்ஸ்டு"ன்னு ஒரே வார்த்தைல முடிக்குமா?

இப்ப எனக்கு வேண்டியதை தெளிவா சொல்றேன். எங்ககிட்ட இப்ப இருக்கிற திருத்தின லிஸ்டை வச்சு மெம்பர் டேட்டாவை திரும்ப ஏத்தணும், நம்பர் கட்டத்தை எண்ணா எடுக்காம எழுத்தா எடுத்து, ஆயுள் உறுப்பினர் தேதியை காலியாவே விட்டு. ஏத்தினதும் லைவ் பண்றதுக்கு முன்னாடி இருபது பேரை நாங்களே எடுத்து சரி பாப்போம். கட்டின பணம் எல்லாத்தையும் கேட்வே ரிப்போர்ட்டோட ஒத்துப் பாத்து நீங்களே சரி பண்ணணும், பொருளாளர் இனிமே பண்ண மாட்டாரு. ரீடைரக்ட் போடணும். அப்புறம் டொமைன், அதாவது எங்க சைட் முகவரி, இன்னும் உங்க கம்பெனி பேர்லயே இருக்குன்னு போன வாரம் தான் பாத்தேன், அது எங்க சொத்து, சங்கத்து பேருக்கு மாத்தி முழு அட்மின் ஆக்சஸும் தரணும். இது எல்லாத்தையும் அந்தத் தம்பி இல்லாம வேற யாராவது பேசி முடிச்சுக் குடுங்க, உங்களுக்குக் கோடி நன்றி சொல்லுவேன், உங்களோட சண்டை போடுறது எனக்கு ஆசை இல்ல.

இல்லன்னா கடைசி தவணை வராது, கமிட்டில தீர்மானம் போட்டாச்சு. வக்கீல் நோட்டீஸ் ரெடியா இருக்கு, எங்க மெம்பர்லயே ஒருத்தரோட தம்பி வக்கீல், அவரு அனுப்பவான்னு தினம் கேக்குறாரு, நான் தான் பொறுங்கன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். நுகர்வோர் கோர்ட்டுக்கும் போவோம், மத்த சங்கங்களோட செயலாளர்கள் குரூப்ல எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட்டோட போடுவேன்.

ஏன் இவ்ளோ அவசரம்னா, எங்க சங்கத் தேர்தல் வருது. செல்லுபடியாகுற மெம்பருக்குத் தான் ஓட்டு, வாக்காளர் பட்டியல் உங்க சைட்டுல இருந்து தான் எடுக்கணும். இன்னிக்கு எடுத்தா ஆயுள் உறுப்பினர் ஒருத்தருக்குக் கூட ஓட்டு இல்ல, அந்த முன்னாள் தலைவருக்கும் இல்ல. பட்டியல் ஒட்ட இன்னும் 11 நாள் இருக்கு. போன் பண்றதா இருந்தா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பண்ணுங்க, பகல்ல நான் என் வேலைல இருப்பேன், இனிமே லீவு போட முடியாது.

இப்படிக்கு,
கௌரவச் செயலாளர்