வீட்டு பீர் தயாரிப்போர் சங்கம்: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவருக்கும் பொருளாளருக்கும் உறுப்பினர்களுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் வணக்கம்.

முதற்கண் இரங்கல். கடந்த டிசம்பர் 29 அன்று, நூறு வயது நிறைந்து காலமான அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு நமது சங்கம் அஞ்சலி செலுத்துகிறது. மதுவிலக்கு 1933இல் நீங்கிய பின்னரும், வீட்டில் திராட்சை மது செய்யலாம், பீர் செய்யக் கூடாது என்றிருந்த விநோத நிலையை மாற்றிய சட்டத்தில் 1978 அக்டோபரில் கையெழுத்திட்டவர் அவரே. அச்சட்டத்தின்படி, வயதுவந்த ஒரே ஒருவர் வாழும் வீட்டில் ஆண்டுக்கு 100 காலனும் (ஒரு காலன் ஏறத்தாழ 3.8 லிட்டர்), இருவரோ அதற்கு மேற்பட்டோரோ வாழும் வீட்டில் 200 காலனும் வரியின்றித் தயாரித்துக்கொள்ளலாம். சட்டமே மனைவியைக் கணக்கில் சேர்ப்பதால் சங்கமும் அவரைச் சந்தா இல்லாமல் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும் என்று ஓர் உறுப்பினர் எழுதியிருந்தார். அந்த அம்மையார் நவம்பர் நிகழ்ச்சிக்காக நாற்பது புட்டிகளைக் கழுவித் தந்தவர் என்பதையும் கணவர் ஒன்றைக்கூடக் கழுவவில்லை என்பதையும் கருதிப் பார்த்தால், அம்மையாரை மட்டும் உறுப்பினராக வைத்துக்கொள்வதே முறை என்பது என் சொந்தக் கருத்து.

பொங்கல் ஒன்றுகூடல் நடைபெற்றது. மே மாத முதல் சனிக்கிழமை கூட்டுத் தயாரிப்பு நடைபெற்றது. நவம்பர் முதல் சனிக்கிழமை புதியவர்களுக்கான செய்முறை விளக்கம் நடைபெற்றது, மூவர் வந்தனர். ஊரிலிருந்து வந்திருந்த பெற்றோர் சிலர் "வீட்டிலேயே காய்ச்சுகிறீர்களாமே" என்று கவலையுடன் கேட்டதால், நாம் மால்ட் எனும் முளைகட்டி உலர்த்திய தானியம் ஊறிய நீரைக் கொதிக்க வைத்துப் புளிக்க விடுகிறோமே தவிர, வடிகலம் வைத்துச் சாராயம் வடிப்பதில்லை என்றும், வீட்டில் வடிப்பது குற்றம் என்றும் அன்று விளக்கினேன்.

மாதக் கூட்டங்கள் பன்னிரண்டில் எட்டே நடந்தன. தமிழ்ப் பள்ளி, அரங்கேற்றம், கால்பந்து, மாமியார் வருகை ஆகிய காரணங்கள் எழுத்தில் வந்தன. எழுதாமலே வராதவர்கள்தான் மிகுதி. குடும்பத்தைவிட்டு விலகாமல் இந்தப் பொழுதுபோக்கைத் தொடர வேண்டும் என்பதற்காகவே சங்கம் தொடங்கப்பட்டது என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. தானியத்திலிருந்து தொடங்கினால் ஐந்து காலனுக்கு ஆறு மணி நேரம் ஆகும், வார இறுதியில் அதற்கு வழியில்லை என்றவர்களுக்காகவே இரவுமுறையை நான் செய்து காட்டினேன். பிள்ளைகள் உறங்கிய பின், ஒன்பதரை மணிக்கு, நொறுக்கிய மால்ட்டை 67 டிகிரி வெந்நீரில் ஊற வைத்துப் பானையைக் கம்பளியால் சுற்றிவிட்டு, விடியற்காலை வடிகட்டி, ஹாப்ஸ் எனும் கசப்புப் பூக்களைச் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, ஆற்றி, ஈஸ்ட் போட்டுவிட்டால் ஒன்பது மணிக்குள் அடுப்படி மனைவி வசம் திரும்பிவிடும். இம்முறையில் இனிப்பு குறைந்து பீர் சற்று வறண்டுவிடும் என்பது உண்மை. அதைச் சொன்னவர்கள் அதைத் தவிர வேறு பீர் எதுவும் அந்த ஆண்டில் செய்யவில்லை என்பதும் உண்மை.

இனி, என் கேரேஜில் இருக்கும் பொதுக் குளிர்பெட்டி பற்றி. டல்லாஸ் வடபகுதியில் ஆகஸ்ட் மாதத்துக் கேரேஜ் 40 டிகிரியைத் தொடும். ஏல் எனும் பீர் வகைக்கான ஈஸ்டுக்கு உகந்தது 18 முதல் 20 டிகிரி. போதாததற்கு நொதித்தலே கலனுக்குள் மேலும் சில டிகிரி சூட்டைக் கூட்டும். வெப்பத்தில் அவசரப்படும் ஈஸ்ட், காரச் சாராய நெடியை விட்டுச் செல்லும். ஆகவேதான் பழைய ஃப்ரீசர் ஒன்றை வாங்கி, வெப்பநிலைக் கட்டுப்படுத்தியையும் குளிர்காலத்துக்குச் சூடேற்றும் பட்டையையும் பொருத்தி, நான்கு கலன்கள் வைக்க வசதி செய்தேன்.

ஜனவரியில் அதே பெட்டியில் என் மனைவி இட்லி மாவு வைத்தது உண்மை. இவ்வூர்க் குளிரில் மாவு பொங்குவதில்லை என்பதும், மாவுக்கு 30 டிகிரி வேண்டும் என்பதும், பெட்டிக்கு மின்கட்டணம் செலுத்துவது எங்கள் வீடு என்பதும் அனைவரும் அறிந்தவை. அந்த இரவு பெட்டியில் ஒரு கலனும் இல்லை, பதிவேட்டில் காணலாம். ஆயினும் பிப்ரவரியில் ஓர் உறுப்பினரின் கோதுமை பீர் புளித்ததற்கு அந்த மாவே காரணம் என்ற பேச்சு ஒன்பது மாதங்களாக நடந்துவருகிறது. மாவைப் புளிக்க வைப்பவை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால், மாவுக்குப் பின் பெட்டி கிருமிநீக்கியால் துடைக்கப்பட்டது, கலன்கள் மூடியிட்டவை, அடைப்பான் வழியே வாயு வெளியேறுமே தவிர உள்ளே எதுவும் எளிதில் புகாது, பக்கத்தில் இருந்த மற்ற மூன்றும் புளிக்கவில்லை. அவ்வகை பாக்டீரியாவை அடக்குவது ஹாப்ஸ். கோதுமை பீரிலோ ஹாப்ஸ் குறைவு. புட்டியில் அடைக்கும் ரப்பர்க் குழாயை அந்த உறுப்பினர் கடைசியாக எப்போது மாற்றினார் என்று மூன்று முறை கேட்டும் விடையில்லை. இத்துடன் இப்பொருள் முடிந்ததாகக் கருதுகிறேன்.

மே 28 காலைப் புயலில் நம் பகுதி இருண்டபோது, என் வீட்டில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. பெட்டியில் நான்கு கலன்கள் இருந்தன. வீட்டு ஃப்ரீசரில் இருந்த பனிக்கட்டிப் பைகளை எல்லாம் கலன்களைச் சுற்றி அடுக்கினேன், நான்கும் தப்பின. வீட்டு ஃப்ரீசரில் இருந்த மீனும் தேங்காய்த் துருவலும் கறிவேப்பிலையும் தப்பவில்லை. அந்த இரண்டு நாளில் உறுப்பினர்களிடமிருந்து வந்த ஆறு தொலைபேசி அழைப்புகளும் பீர் எப்படியிருக்கிறது என்று விசாரித்தவையே. என் மனைவி எண்ணிக்கொண்டிருந்தார்.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் உள்ளது. மொத்தத்தில் வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு ஏறக்குறைய எதிர்பார்த்தபடி, இருப்பு சிறிது. இருபத்திரண்டு குடும்பங்களில் பதின்மூன்றே ஆண்டுச் சந்தாவான அறுபது டாலரைச் செலுத்தியுள்ளன. நிலுவை வைத்தோர் பெயரை வெளியிடுவது நாகரிகமன்று. எனினும், செலுத்தாத ஒன்பது குடும்பங்களில் நான்கு, பெட்டியை மொத்தம் ஏழு முறை பயன்படுத்தியுள்ளன என்பதையும், பெட்டியின் பதிவேடு அதன் மூடியிலேயே எவரும் பார்க்கும்படி தொங்குகிறது என்பதையும் மட்டும் குறிப்பிடுகிறேன். பொங்கல் விழாவில் பீரை விற்றுப் பணம் திரட்டலாம் என்ற யோசனை வந்தது. குடும்பத்துடன் அருந்தலாம், போட்டிக்கு எடுத்துச் செல்லலாம். விற்பதற்கு அனுமதி இல்லை.

தலைவருக்கும், பொருளாளருக்கும், இடம் தந்து உதவியோருக்கும், எஞ்சிய தானியச் சக்கையில் அடை சுட்டு வழங்கிய இரு குடும்பத்தினருக்கும் நன்றி. அக்கம்பக்கத்தில் நாய் வளர்ப்போர் ஹாப்ஸ் சக்கையைத் தோட்டத்தில் கொட்ட வேண்டாம். நாய்களுக்கு அது நஞ்சு.

வரும் ஆண்டு குறித்து ஒளிவுமறைவின்றிச் சொல்வதானால், என் மகனுக்குப் பதினாறு வயது நிறைகிறது. கேரேஜில் அவனுக்கு ஒரு பழைய கார் நிறுத்த இடம் கேட்கிறான், அவன் தாயும் அதை ஆதரிக்கிறார். பெட்டியை வைத்துக்கொள்ள முன்வரும் உறுப்பினர் யாராயினும் கட்டுப்படுத்தியுடன் சேர்த்துத் தருகிறேன். செயலாளர் பொறுப்பையும் அவரே ஏற்பதில் எனக்கு வருத்தமில்லை. அப்படி எவரும் முன்வராவிடில், மகனிடம் மார்ச் வரை தவணை கேட்டிருக்கிறேன். அதற்குள் நிலுவை வந்து சேர்ந்தால், கேரேஜின் இடப்பக்க அலமாரிகளை அகற்றிச் சுவரோடு பெட்டியை நகர்த்தும் செலவுக்குச் சரியாக இருக்கும் என்று தச்சரிடம் விசாரித்து வைத்துள்ளேன்.

தற்போது பெட்டியில் இரண்டு இடங்கள் காலியாக உள்ளன. மற்ற இரண்டு கலன்களின் உரிமையாளர்கள் வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்குள் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும்; அன்றிரவு மாவு அரைக்கப்படுகிறது.

இவண்,
செயலாளர்