நனைந்த கசெற்றுகளைக் காப்பாற்றித் தந்தவர்களுக்கு

2024 ஜூலை 16, செவ்வாய்க்கிழமை. ரொறன்ரோவில் மூன்று மணித்தியாலத்துக்குள் ஒரு மாதத்து மழை கொட்டித் தீர்த்தது. விமான நிலையத்தில் அளந்தது மட்டும் சுமார் 98 மில்லிமீற்றர். டொன் வலி பார்க்வேயில் கார்கள் தண்ணீருக்குள் நின்ற படங்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஸ்காபரோவில் எங்கள் வீட்டு பேஸ்மன்றில் என்ன நடந்தது என்பது ஆறேழு பேருக்குத்தான் தெரியும். அந்த ஆறேழு பேருக்கும், அதற்கு முன்னால் முப்பது வருடமாக எனக்குக் கை கொடுத்தவர்களுக்கும் சேர்த்து இந்த நன்றி மடல்.

தண்ணீர் கணுக்காலுக்கு மேல் நின்றது. கீழ்த்தட்டில் இருந்த இரண்டு பெட்டிகளும் அடி விட்டுப் போயின. ஒன்றில் செய்லர் மூன் என்ற ஜப்பானியச் சித்திரக்கதையின் (மங்கா) 12 தொகுதியும் சிறுகதைத் தொகுதிகள் இரண்டும். மற்றதில் அதே கதையின் தொலைக்காட்சித் தொடரைப் பதிந்த 11 வி.எச்.எஸ். வீடியோ கசெற்றுகள். என் கணவரின் தச்சு வேலைச் சாமான்களும் அதே அறையில்தான் கிடந்தன. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் என் பெட்டிகளைத்தான் முதலில் நெஞ்சோடு அணைத்து மேலே கொண்டுவந்தார். அவருக்கு நான் வீட்டில் சொன்ன நன்றி போதாது, இங்கேயும் சொல்கிறேன்.

எனக்கு வயது 39. இரண்டு பிள்ளைகள். பத்து வயதில் பார்க்கத் தொடங்கிய அந்தச் செய்லர் மூன் அனிமேயை, ஜப்பானியக் கார்ட்டூன் தொடரை, இன்றைக்கும் வருடத்தில் ஒரு தரமாவது முதலிலிருந்து பார்க்கிறேன். பள்ளிச் சீருடைக்காரப் பிள்ளைகள் ஒரு சொல் சொன்னதும் ஒளி சூழ உருமாறி, உலகத்தைக் காக்கப் போகும் கதை. உதவிக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் பெட்டிக்குள் இருந்தது என்னவென்று தெரியும். ஒருவர்கூட "இந்த வயதில் இது என்னத்துக்கு?" என்று கேட்கவில்லை.

முதலில் மீன்கடை அண்ணை. நனைந்த புத்தகத்தில் இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும், அதற்கு முன் உறைய வைத்துவிட்டால் பிறகு ஆறுதலாக ஒவ்வொன்றாகக் காயப்போடலாம் என்று நூலகத்தில் வேலை செய்யும் ஒரு தோழி தொலைபேசியில் சொன்னார். எங்கள் வீட்டு ஃபிறீஸருக்குள் 14 தடித்த புத்தகங்களுக்கு இடமில்லை. இரவு எட்டரைக்கு அண்ணைக்கு அடித்தேன். கடை பூட்டிவிட்டார், திரும்பி வந்து திறந்தார். ஒவ்வொரு தொகுதியையும் மெழுகுத்தாளில் சுற்றி, பைக்குள் போட்டு, கணவாய்ப் பெட்டிகளுக்கும் இறால் பெட்டிகளுக்கும் நடுவே ஒரு தட்டை ஒழித்து அடுக்கினோம். அட்டையில் இருந்த பெண் பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உங்கட அம்மம்மாவோட நீங்கள் பாத்தது இதுதானே தங்கச்சி?" என்றார். 1996இல் எங்கள் அடுக்குமாடியில் மூன்றாம் மாடியில் இருந்தவர் அவர். நான் அதை மறந்துவிட்டிருந்தேன், அவர் மறக்கவில்லை.

கசெற்றுகளைக் காப்பாற்றியது பக்கத்து வீட்டுத் தம்பி. இங்கே பிறந்தவர், கல்லூரியில் ஒளிப்பதிவு படிக்கிறார். "ஈரத்தோட பிளேயருக்குள்ள போட்டிடாதேங்கோ அக்கா" என்று ஓடி வந்தார். ஒரு கசெற்றின் முதுகில் ஐந்து திருகாணி. உள்ளே அரை அங்குல அகலத்தில் கிட்டத்தட்ட 250 மீற்றர் நாடா. ஒவ்வொன்றையும் கழற்றி, சுருளை வடிகட்டிய நீரில் அலசி, நாட்கணக்கில் காயவிட்டு, பழைய வேறு கசெற்றின் கூட்டுக்குள் மாற்றினார். எங்கள் குசினி மேசையில் மூன்று கிழமை சாப்பாடே இல்லை, சுருள்தான். ஒன்பது கசெற் ஓடுகின்றன. இரண்டு போய்விட்டன.

உண்மையில் அந்தப் படங்கள் எனக்கு அவ்வளவு முக்கியமில்லை. தொடர் முழுவதும் இன்று எவ்வளவோ தெளிவாகப் பார்க்கக் கிடைக்கிறது. எனக்கு வேண்டியிருந்தது கசெற்றின் மேல் ஒட்டியிருந்த லேபல். அது அம்மம்மாவின் கையெழுத்து.

1995 ஓகஸ்ட் 28ஆம் திகதி கனடாவில் வை.ரி.வி. என்ற பிள்ளைகளுக்கான தொலைக்காட்சியில் செய்லர் மூன் தொடங்கியது. அன்று திங்கட்கிழமை. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விடுவார்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் நானும் அம்மம்மாவும்தான். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, எனக்கும் அரைகுறை. கதையில் வரும் பிள்ளைகளுக்குக் கிரகங்களின் பெயர்கள், அதை மட்டும் தமிழில் மாற்றிச் சொன்னேன். அம்மம்மா அதைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மூன், மேர்க்குரி, மார்ஸ், ஜூப்பிற்றர், வீனஸ் என்று யாரும் இல்லை. திங்கள், புதன், செவ்வாய், வியாழன், வெள்ளி. "இண்டைக்கு வியாழன் வருவாளோ?" என்று செவ்வாய்க்கிழமையில் கேட்பார்.

ஜப்பானியரும் கிழமைகளை இதே கிரக வரிசையில்தான் எண்ணுகிறார்கள் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. திங்கள் நிலவு, செவ்வாய் நெருப்பு, புதன் நீர், வியாழன் மரம். அந்தப் பிள்ளைகளின் குடும்பப் பெயர்களிலும் அதுதான் இருக்கிறது: மிசுனோவில் நீர், ஹினோவில் நெருப்பு, கினோவில் மரம். இங்கிலீஷ் பதிப்பில் அந்தப் பிள்ளைகளுக்கு வேறு முதற்பெயர்கள் வைத்துவிட்டார்கள். அம்மம்மா தன்பாட்டில் மூலத்துக்குக் கிட்டப் போய்விட்டார்.

என்னுடையவள் வியாழன். வகுப்பில் நான்தான் ஆக உயரம், பனை என்று கூப்பிடுவார்கள். வியாழனும் உயரம், புதுப் பள்ளிக்குப் பழைய பள்ளிச் சீருடையோடு வந்தவள், தாய் தகப்பன் இல்லாமல் தானே சமைத்துச் சாப்பிடுகிறவள், எவனாவது சின்னப் பிள்ளைகளை அடித்தால் கையைப் பிடித்து நிறுத்துகிறவள். அவளைக் கண்ட நாளிலிருந்து நான் குனிந்து நடப்பதை விட்டேன்.

பதிவு செய்து தந்தது கீழ்வீட்டு அக்கா. எங்களிடம் பதிவுக் கருவி இல்லை. அவருக்கு அப்போது பதினாறு, தனக்கு இருக்கிற பாடத்தோடு எங்களுக்காகத் தினமும் பொத்தானை அமத்தினார். மெதுவான ஓட்டத்தில் போட்டால் ஒரு கசெற்றில் ஆறு மணித்தியாலம், பன்னிரண்டு பகுதி. 65 பகுதிகளோடு தொடர் நடுக்கதையில் நின்றபோது, மீதியைக் கேட்டு அமெரிக்காவிலும் இங்கேயும் இரசிகர்கள் மனு எழுதினார்கள். அக்காவும் எழுதினார், என் பெயரையும் போட்டார். 1997இல் கனடாவில் இன்னும் 17 பகுதிகள் வந்தன. நூறு சதமும் எங்கள் மனுவால்தான் என்று அந்த வயதில் நம்பினேன். அக்கா அதை மறுத்துப் பேசவேயில்லை, அதற்கும் நன்றி.

அம்மம்மா ஒவ்வொரு கசெற்றிலும் நீலப் பேனாவால் எழுதி ஒட்டுவார். "திங்கள்பிள்ளை 1." "வியாழன் வந்தது." "பூனை கதைக்கிறது." தம்பி அந்த ஈர லேபல்களை உரித்து, தட்டையாக விரித்து, மேலே தாளும் பாரமும் வைத்துக் காயவைத்தார். அவருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஒவ்வொன்றாக எடுத்து, "இதில என்ன எழுதியிருக்கு அக்கா?" என்று கேட்டார். நான் வாசித்தேன். நான்காவதை வாசிக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"பிள்ளையள் திரும்பி வந்த நாள்."

முதற்பருவத்தின் முடிவு அந்தக் கசெற்றில் இருக்கிறது. ஜப்பானிய மூலத்தில் அது இரண்டு பகுதி, 45உம் 46உம். வடதுருவத்துப் பனியில் நான்கு தோழிகளும் ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள், முதலில் வியாழன். கடைசியில் தனித்து நிற்கும் திங்களின் கோலில் அந்த நாலு பேரும் உருவிலிகளாக வந்து கை வைக்கிறார்கள். இங்கே சின்னப் பிள்ளைகளுக்கு அது கூடாது என்று இரண்டையும் வெட்டி ஒன்றாக்கி, அவர்கள் சாகவில்லை, எதிரிகள் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று வசனத்தை மாற்றிவிட்டார்கள்.

அம்மம்மா வசனத்தைக் கேட்கவில்லை, படத்தைத்தான் பார்த்தார். "செத்துப் போச்சுதுகள், பிள்ளை" என்றார். "இல்லை அம்மம்மா, பிடிச்சு வச்சிருக்கினமாம்" என்றேன், எனக்கு விளங்கிய இங்கிலீஷை வைத்து. அவர் ஒன்றும் பேசவில்லை. என் மாமாவைப் பற்றி எங்கள் வீட்டில் அப்போது சொன்னதும் இதே சொல்தான். பிடிச்சு வச்சிருக்கினம். வருவார்.

பிறகு படத்தில் நாலு பேரும் எழும்பிப் பள்ளிக்கூடம் போனார்கள். அம்மம்மா எழும்பிப் போய் பேனாவை எடுத்தார்.

2003இல் முதற்பருவம் வெட்டாமல் மூல மொழியில் டிவிடியாக வந்தது. அக்காதான் வாங்கினார். எனக்குப் பதினெட்டு. அம்மம்மா போய் இரண்டு வருடம். 45ஆம் பகுதியில் வியாழன் விழுந்ததும் அக்கா படத்தை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்தார். அன்றைக்குத்தான் மாமாவைப் பற்றி நான் வாய்விட்டுக் கேட்டேன், அக்கா தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். வீட்டில் வேறு யாரும் சொல்லத் துணியாததை. அக்கா, இப்போது மொன்றியலில் இருந்து ஐந்து மணித்தியாலம் ஓட்டி வந்து என் பேஸ்மன்றைக் கழுவிவிட்டும் போயிருக்கிறீர்கள். உங்களுக்கு நான் என்னத்தை எழுதுவது?

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ரீச்சருக்கும் நன்றி. திங்களின் உண்மையான பெயர் சுகினோ உசாகி, கேட்க "நிலவின் முயல்" என்று இருக்கும் என்று நான் அவரிடம் சொன்னேன். ஜப்பானியக் குழந்தைகளுக்கு நிலவில் முயல் மா இடிக்கிறது. நமக்குப் பாட்டி வடை சுடுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ரீச்சர் கரும்பலகையில் ஒரு சொல்லை எழுதினார்: முயற்கூடு. தமிழில் நிலவுக்கு இருக்கும் பழைய பெயர்களில் ஒன்று. அந்தச் சொல்லை அன்று முழுக்க வாய்க்குள் வைத்திருந்தேன்.

சாறி பிளவுஸ் தைக்கிற மாமிக்கும் நன்றி. அனிமே இரசிகர்கள் வேடம் போட்டு வரும் அனிமே நோர்த் விழாவுக்கு என்று வியாழனின் பச்சைப் பாவாடையும் பச்சைக் கொலரும் தைக்கப் படத்தைக் கொண்டுபோனபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கை நீளமோ, கட்டையோ?" கையே இல்லை மாமி, தோளில் உருட்டின துணி என்றேன். பாவாடை மடிப்பைச் சாணால் அளந்து, இரண்டு தரம் பிரித்துத் தைத்துத் தந்தார். அது மேல்மாடி அலுமாரியில் இருந்ததால் நனையவில்லை. அதைப் போட்டுக்கொண்டு நடந்தபோது ஒரு சின்னப் பிள்ளை ஓடிவந்து "ஜூப்பிற்றர்!" என்று என் இடுப்பைக் கட்டிப்பிடித்தது. அது மாமிக்குச் சேர வேண்டிய அணைப்பு.

என்னை அறியாதவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஜப்பானில் 1991 கடைசியில் இந்தக் கதையைத் தொடங்கிய நவோகோ தகேயுச்சி, மருந்தாளர் படிப்பும் முடித்தவர். அனிமே மட்டும் 200 பகுதி. நான் கேட்டு வளர்ந்த இங்கிலீஷ் குரல்களோ இதே ரொறன்ரோவில் பதிவானவை. வியாழனுக்குப் பேசிய சூசன் ரோமன், பூனை லூனாவுக்குப் பேசிய ஜில் ஃப்ராப்பியர். என் இங்கிலீஷ் உச்சரிப்பில் பாதி அவர்களிடம் பெற்றது. 2000இல் புதுப் பருவம் வந்து, உலகத்தையே முடித்துவிடும் வலுவோடு சனி என்ற பிள்ளை தோன்றியபோது நான் பயந்தேன். சனிக்கிழமை தவறாமல் எள்ளெண்ணெய் எரிக்கிற அம்மம்மா பயப்படவில்லை. "சனியைப்போலக் கொடுப்பாரும் இல்லை, கெடுப்பாரும் இல்லை. பொறுத்துப் பார்" என்றார். அந்தப் பருவத்தின் முடிவு தெரிந்தவர்களுக்கு அவர் எவ்வளவு சரி என்று விளங்கும்.

என் மகளுக்கு இப்போது பத்து வயது. அவளுக்கு ஆகப் பிடித்தது புதன். காய்ந்த லேபல்களை அமிலமில்லாத தாளில் ஒட்டி ஒரு கோப்பில் போட்டது அவள்தான், ஒவ்வொன்றின் கீழும் தன் எழுத்தில் அதையே திருப்பி எழுதியிருக்கிறாள், அம்மம்மாவின் "ள்" வளைவு உட்பட.

மீன்கடை அண்ணை, உங்கள் ஃபிறீஸரில் இன்னும் மூன்று தொகுதி இருக்கிறது, 9, 10, 12. 8ஆவது நேற்றுத்தான் காய்ந்து முடிந்தது, பக்கங்கள் கொஞ்சம் நெளிந்திருக்கின்றன, ஒன்றும் கிழியவில்லை. இந்தச் சனி பின்னேரம் மகளையும் கூட்டிக்கொண்டு 9ஐ எடுக்க வருகிறேன். அப்படியே இரண்டு இறாத்தல் கணவாயும் வெட்டி வையுங்கள்.