சான் பிரான்சிஸ்கோவின் பேஸ்பாலும் ஓபராவும்: வரலாற்று வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வட்டத்தின் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, நாம் குடியேறி வாழும் சான் பிரான்சிஸ்கோ நகரின் பேஸ்பால் வரலாற்றையும் ஓபரா என்னும் இசைநாடகத்தின் வரலாற்றையும் ஒருசேரப் படிப்பது இவ்வாண்டின் பணியாக அமைந்தது. விளையாட்டில் நாட்டமுள்ளோர் ஒரு குழுவாகவும் இசையில் நாட்டமுள்ளோர் மற்றொரு குழுவாகவும் பிரிந்து தொடங்கிய இப்பணி, சில கூட்டங்களுக்குள்ளாகவே ஒரே குழுவின் பணியாகிவிட்டது. ஒரு குழு தேடிப்போன ஆண்டும் தெருவும் மற்றக் குழுவின் குறிப்பேட்டிலும் இருந்ததே அதற்குக் காரணம். இந்நகரில் இவ்விரண்டும் ஒரே மக்கள் திரளால் வளர்க்கப்பட்டவை, அவற்றைப் பிரித்து எழுதினால் இரண்டுமே குறைபடும் என்பதே செயலாளர் என்ற முறையில் நான் பேரவையின் முன் வைக்கும் கருத்து. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். ஆகவே இவ்வறிக்கை படிப்பில் கண்டவற்றோடு நிற்கிறது.

படிப்பின் தொடக்கமாக 1906ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டோம். அவ்வாண்டு ஏப்ரல் 17 இரவு, மிஷன் தெருவிலிருந்த கிராண்ட் ஓபரா ஹவுஸில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா குழுவினர் ‘கார்மென்’ நிகழ்த்தினர். அதில் டான் ஹோசேயாகப் பாடியவர் என்ரிகோ கரூசோ. மறுநாள் விடியற்காலை 5 மணி 12 நிமிடத்துக்கு நிலம் அதிர்ந்தது. அதைத் தொடர்ந்த பெருந்தீயில் அரங்கும், குழுவினர் கொண்டுவந்திருந்த காட்சித் திரைகளும் உடைகளும் எரிந்துபோயின. பேலஸ் ஹோட்டலில் தங்கியிருந்து உயிர் தப்பிய கரூசோ, அதன்பின் இந்நகரில் ஒருமுறையும் பாடவில்லை. இவ்வளவும் பலர் அறிந்த செய்தி. எட்டாம் தெருவும் ஹாரிசன் தெருவும் கூடுமிடத்தில் இருந்த ரிக்ரியேஷன் பார்க் என்னும் பேஸ்பால் மைதானமும் அதே அழிவில் போனது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1903இல் தொடங்கிய பசிபிக் கோஸ்ட் லீக் என்னும் மேற்குக் கரை அணிகளின் போட்டியில் ஆடிவந்த சான் பிரான்சிஸ்கோ சீல்ஸ் அணி, அந்தப் பருவத்தின் எஞ்சிய ஆட்டங்களை விரிகுடாவுக்கு அக்கரையில் ஓக்லாந்தில் ஆட வேண்டியதாயிற்று. மறு ஆண்டே வாலன்சியா தெருப் பக்கம் அதே பெயரில் புதிய மைதானம் எழுந்தது. நகரம் தன் பணத்தில் கட்டிய ஓபரா அரங்கு வருவதற்கோ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

அந்த இடைக்காலத்தில் நிகழ்ந்த ஒன்றை நமது உறுப்பினர்கள் வேறெதனினும் ஆர்வமாகப் படித்தார்கள். லூயிசா டெட்ராசினி என்ற இத்தாலியப் பாடகி 1905இல் இந்நகரின் டிவோலி ஓபரா ஹவுஸில் பாடி மக்களின் மனத்தைக் கவர்ந்தவர். பின்னாளில் நியூயார்க்கின் அரங்க அதிபர் ஆஸ்கர் ஹேமர்ஸ்டைனோடு ஒப்பந்தத் தகராறு மூண்டு, அவர் எங்கே பாடலாம், எங்கே பாடக்கூடாது என்பது வழக்காகி நின்றபோது, சான் பிரான்சிஸ்கோவின் தெருக்கள் யாருக்கும் சொந்தமில்லாதவை, அங்கே பாடுவேன் என்று அவர் அறிவித்தார். சொன்னபடியே 1910 கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை, மார்க்கெட் தெருவில் லாட்டா நீரூற்றருகே அமைத்த மேடையில் ஏறிப் பாடினார். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. இருந்தும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அன்று திரண்டதாக மதிப்பிடுகிறார்கள். நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள் என்று எண்ணும்போது, அது ஒரு கச்சேரி என்பதற்கும் மேலான நிகழ்வாகவே எனக்குப் படுகிறது.

அந்த நீரூற்றை இவ்வாண்டு உறுப்பினர்கள் நேரில் சென்று பார்த்தனர். நடிகை லாட்டா கிராப்ட்ரீ 1875இல் நகருக்கு அளித்த வார்ப்பிரும்புத் தூண் அது. பொன்னிறப் பூச்சும் சிங்கத் தலைகளும் கொண்டு இன்றும் போக்குவரத்துக்கு நடுவே நிற்கிறது. டெட்ராசினியின் உருவம் பதித்த வெண்கலத் தகடொன்றும் அதில் இருக்கிறது. கையெட்டும் உயரத்தில் இருந்தும் அவ்வழியே நாள்தோறும் வேலைக்குப் போகும் நம்மில் பலர் அதைக் கவனித்ததில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 18 அதிகாலை 5 மணி 12 நிமிடத்துக்கு நகர மக்கள் அங்கே கூடி 1906ஐ நினைவுகூர்வதால், இனி வட்டத்தின் சார்பிலும் சிலர் தவறாமல் செல்வதென்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

இன்றைய சான் பிரான்சிஸ்கோ ஓபராவை நிறுவியவர் நேப்பிள்ஸில் பிறந்த கயெட்டானோ மெரோலா. அவருடைய முதல் பெருமுயற்சி ஒரு விளையாட்டு அரங்கில்தான் நடந்தது. 1922 ஜூனில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானத்தில் ‘பாலியாச்சி’, ‘கார்மென்’, ‘ஃபவுஸ்ட்’ ஆகிய மூன்றையும் திறந்தவெளியில் நிகழ்த்தினார். பணம் நட்டமாயிற்று. ஆனால் ஓபராவுக்கு இங்கே ஆள் சேரும் என்பது தெளிவாயிற்று. 1923 செப்டம்பர் 26 அன்று சிவிக் ஆடிட்டோரியத்தில் ‘லா போஎம்’ நிகழ்ச்சியோடு அவருடைய நிறுவனம் பிறந்தது. தனியார் நன்கொடை மட்டும் போதாதென்று கண்ட நகரம், 1927இல் வாக்கெடுப்பு நடத்தி 40 லட்சம் டாலர் கடன்பத்திரத்துக்கு ஒப்புதல் பெற்றது. அப்பணத்தால் எழுந்த வார் மெமோரியல் ஓபரா ஹவுஸ், பொருளாதார வீழ்ச்சியின் நடுவே, 1932 அக்டோபர் 15 அன்று ‘டோஸ்கா’வுடன் திறக்கப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்புதான் பதினாறாம் தெருவும் பிரையன்ட் தெருவும் சந்திக்குமிடத்தில் சீல்ஸ் ஸ்டேடியம் திறக்கப்பட்டிருந்தது.

அடுத்த ஆண்டு, 1933இல், அந்த மைதானத்தின் அணியில் ஆடிய பதினெட்டு வயது இளைஞர் ஜோ டிமாஜியோ, தொடர்ந்து 61 ஆட்டங்களில் ஆட்டத்துக்கு ஓர் அடியேனும் அடித்துப் பசிபிக் கோஸ்ட் லீகின் சாதனையைப் படைத்தார். 1941இல் நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக அவர் படைத்த 56 ஆட்டச் சாதனையை உலகம் அறியும். அதற்கு எட்டாண்டு முன்னரே இதைக் கண்டவர்கள் இந்நகரத்தார். அவர் சிசிலியிலிருந்து வந்த மீனவரின் மகன், நார்த் பீச் பகுதியில் வளர்ந்தவர். மெரோலாவின் அரங்கை ஆதரித்தவர்களில் அதே இத்தாலியக் குடியேறிகள் முக்கியமானவர்கள். புலம்பெயர்ந்த ஒரு சமூகம் ஒரே தலைமுறைக் காலத்தில் நகருக்கு ஓர் ஓபரா நிறுவனத்தையும் ஒரு பேஸ்பால் வீரரையும் தந்தது என்பது, புலம்பெயர்ந்து வந்த நமக்கு நெருக்கமான செய்தி. மெரோலா 1953 ஆகஸ்ட் 30 அன்று ஸ்டெர்ன் குரோவ் பூங்காவில் இலவசத் திறந்தவெளி நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்தபோதே, ‘மேடம் பட்டர்ஃபிளை’யின் புகழ்பெற்ற பாடல் ஒலித்த வேளையில், சரிந்து விழுந்து உயிர் நீத்தார்.

இரண்டாம் உலகப் போரின் இறுதியிலும் அதற்குப் பிந்தைய ஆண்டுகளிலும் ஓபரா ஹவுஸ் உலக அரசியலின் மேடையாகவும் ஆனது. 1945இல் ஐக்கிய நாடுகள் அமைப்பை உருவாக்கிய மாநாட்டின் முழு அமர்வுகள் அங்கேதான் நடந்தன. பக்கத்துக் கட்டடத்தில் ஜூன் 26 அன்று சாசனம் கையெழுத்தானபோது, இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கிக் கையொப்பமிட்டவர் நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவரான ஆற்காடு இராமசாமி முதலியார். 1951 செப்டம்பரில் ஜப்பானுடனான சமாதான உடன்படிக்கையும் அதே அரங்கில் கையெழுத்தாயிற்று. இலங்கையின் அன்றைய நிதியமைச்சர் ஜே. ஆர். ஜெயவர்தன அங்கே நின்று, பகையைப் பகை தணிக்காது என்ற புத்தரின் வாக்கை எடுத்துக்காட்டி, ஜப்பானுக்காக வாதாடினார். அந்த உடன்படிக்கைக்கு இரண்டாண்டு முன், 1949இல், சீல்ஸ் அணியைத் தம் மேலாளர் பொறுப்பில் ஜப்பானுக்கு அழைத்துச் சென்று நல்லெண்ண ஆட்டங்கள் ஆடவைத்தவர் இந்நகரில் பிறந்த லெஃப்டி ஓ’டூல். பின்னாளில் ஜப்பானின் பேஸ்பால் புகழ்க்கூடம் அவரைச் சேர்த்துச் சிறப்பித்தது. 1964இல் அமெரிக்காவின் உச்சப் பேஸ்பால் போட்டியான பெரும் லீகில் ஆடிய முதல் ஜப்பானியரான மசனோரி முரகாமி, சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணிக்காகவே பந்து வீசினார். ஆட்டக்காரர்கள் முன்னே போக, அமைச்சர்கள் பின்னே வந்தார்கள் என்று நமது கூட்டத்தில் ஓர் உறுப்பினர் சொன்னதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

1957ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். ஆகஸ்டில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர முடிவெடுத்தது. செப்டம்பரில் ‘கார்மெலைட் கன்னியரின் உரையாடல்கள்’ என்ற, பிரெஞ்சு இசையமைப்பாளர் புலாங்க்கின் ஓபரா, அமெரிக்காவிலேயே முதன்முறையாக இங்கே மேடையேறியது. அதில் மேடம் லிடுவானாகப் பாடிய கறுப்பினப் பாடகி லியோன்டைன் பிரைஸுக்குப் பெரிய ஓபரா மேடையொன்றில் அதுவே முதல் நாடகப் பாத்திரம். அந்த அரங்கம் அவரைக் கைதட்டி வரவேற்ற சில வாரங்களிலேயே, ஜயன்ட்ஸின் தலைசிறந்த ஆட்டக்காரர் வில்லி மேஸ் கையில் பணத்தோடு வீடு வாங்க வந்தபோது, அவர் கறுப்பினத்தவர் என்பதற்காக விற்பனை மறுக்கப்பட்டது. செய்தி வெளியாகி, மேயர் ஜார்ஜ் கிறிஸ்டோபர் தலையிட்ட பிறகே வீடு கிடைத்தது. நகரின் பெருமைகளைத் தொகுக்கும்போது இதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று நமது குழு ஒருமனதாக முடிவு செய்தது.

1958 ஏப்ரல் 15 அன்று சீல்ஸ் ஸ்டேடியத்தில் 23,448 பேர் முன்னிலையில் மேற்குக் கரையின் முதல் பெரும் லீக் ஆட்டம் நடந்தது. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸை ஜயன்ட்ஸ் 8–0 என்று வென்றது. 1960இல் கேண்டில்ஸ்டிக் பார்க் திறக்கப்பட்டது. அதன் குளிரையும் காற்றையும் பற்றிச் சொல்லாதவர் இல்லை. 1962 அக்டோபர் 16 அங்கே நியூயார்க் யாங்கீஸுடன் நடந்த, பெரும் லீகின் கோப்பைக்கான உலகத் தொடரின் ஏழாவதும் கடைசியுமான ஆட்டம் மூத்த ரசிகர்களுக்கு இன்றும் ஆறாத புண். ஒன்பதாம் இன்னிங்ஸின் கடைசிப் பாதியில் ஜயன்ட்ஸ் 0–1 என்று பின்தங்கி, இருவர் ஆட்டமிழந்த நிலையில், மேட்டி அலூ மூன்றாம் பேஸிலும் மேஸ் இரண்டாம் பேஸிலும் நிற்க, வில்லி மெக்கோவி ஓங்கி அடித்த பந்து நேராக எதிரணியின் பாபி ரிச்சர்ட்சன் கையில் போய்ச் சேர்ந்தது. சற்று உயர்ந்திருந்தால் இருவரும் ஓடி வந்து ஆளுக்கொரு புள்ளி சேர்த்திருப்பார்கள், கோப்பை இங்கே தங்கியிருக்கும். அதற்குப்பின் 2010 வரை அது கிடைக்கவில்லை.

1989 அக்டோபர் 17 மாலை 5 மணி 4 நிமிடம், உலகத் தொடரின் மூன்றாம் ஆட்டம் தொடங்கவிருந்த நேரத்தில் மீண்டும் நிலநடுக்கம். கேண்டில்ஸ்டிக்கில் நிறைந்திருந்தோர் பத்திரமாக வெளியேறினர், தொடர் பத்து நாள் தள்ளிப்போயிற்று. ஓபரா ஹவுஸும் சேதமுற்றது. அதை வலுப்படுத்த 1996 தொடக்கத்தில் மூடியபோது, 1923இல் தான் பிறந்த சிவிக் ஆடிட்டோரியத்துக்கே ஓபரா நிறுவனம் தற்காலிகமாகத் திரும்பியது. 1997 செப்டம்பரில் அரங்கு மறுபடி திறந்தது. பேஸ்பால் மைதானத்தின் கதை வேறு. பொதுப்பணத்தில் புதிய மைதானம் கட்டும் திட்டத்தை 1987இலும், நிலநடுக்கத்துக்குச் சில வாரங்களுக்குப் பின் 1989இலும் வாக்காளர் நிராகரித்தனர். 1996இல், தனியார் பணத்தில் கட்டுவதென்றால் சம்மதம் என்றனர். அப்படி எழுந்து 2000 ஏப்ரலில் திறக்கப்பட்டதே இன்றைய ஓரக்கிள் பார்க். ஓபரா செல்வந்தர் கலை, பேஸ்பால் எளியோர் ஆட்டம் என்று பொதுவாக நினைக்கிறோம். இந்நகரின் வாக்குப்பெட்டியோ ஓபராவுக்குப் பணம் தந்து பேஸ்பாலுக்கு மறுத்திருக்கிறது. இவ்வாண்டுப் படிப்பில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது இந்தச் செய்திதான்.

2007இல் இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தன. ஆகஸ்ட் 7 அன்று ஜயன்ட்ஸின் பேரி பாண்ட்ஸ் பெரும் லீகின் சாதனையான தம் 756ஆம் ஹோம் ரன்னை (எல்லையைத் தாண்டும் அடியை) அடித்த அதே மைதானத்தில், செப்டம்பரில் ஓபரா ஹவுஸில் நடந்துகொண்டிருந்த ‘சாம்சனும் டெலிலாவும்’ பெருந்திரையில் நேரலையாக, கட்டணமின்றிக் காட்டப்பட்டது. 2010இல் ‘ஐடா’வுக்கு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். வழக்கமாக ஆட்டக்காரர் மட்டுமே கால் வைக்கும் புல்தரையில் குடும்பங்கள் போர்வை விரித்து அமர்ந்தன. பூண்டு மணக்கும் உருளைக்கிழங்கு வறுவலைப் பிள்ளைகள் கொறிக்க, பாட்டின் பொருள் திரையின் அடியில் ஓடியது. இந்நிகழ்ச்சிகளுக்குச் சென்ற உறுப்பினர்கள், வாழ்வில் முதன்முதலாக ஓபராவை முழுமையாகக் கேட்டது அங்கேதான் என்கிறார்கள். அதே 2010இல் ஜயன்ட்ஸ் உலகத் தொடரை வென்று, மார்க்கெட் தெரு வழியாக, ஓபரா ஹவுஸுக்கு எதிரிலுள்ள நகர மன்றத்துக்கு ஊர்வலம் வந்தது. 2012, 2014 வெற்றிகளும், 2012 ஜூன் 13 அன்று மேட் கெய்ன் ஒருவரையும் பேஸுக்கு விடாமல் முடித்த ஆட்டமும் அண்மைக் காலத்தவை என்பதால் அவற்றைக் குறிப்பாக மட்டுமே சேர்த்துள்ளோம்.

தொகுத்த குறிப்புகளை ஒரு சிறு நூலாகத் தமிழில் அச்சிடவும், அதில் இரு வரலாறுகளையும் தனிப் பகுதிகளாகப் பிரிக்காமல் ஆண்டு வரிசையில் கலந்தே கொடுக்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. கேண்டில்ஸ்டிக்கிலும் ஓபரா ஹவுஸிலும் வேலை பார்த்த முதியவர்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்வது அடுத்த ஆண்டின் பணியாக இருக்கலாம். கேண்டில்ஸ்டிக் இடிக்கப்பட்டுவிட்டதால் அதைத் தள்ளிப்போடுவது சரியன்று. நூலகங்களில் பழைய நாளிதழ்களைத் தேடித் தந்த உறுப்பினர்களுக்கும், கூட்டங்களுக்குத் தம் இல்லங்களைத் திறந்துவைத்த குடும்பத்தினருக்கும் வட்டத்தின் நன்றி உரித்தாகுக. இவ்வறிக்கையையும் மேற்கண்ட இரு பரிந்துரைகளையும் பேரவை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பணியில்,
செயலாளர்