அது வந்த பிறகுதான் இது என்று யார் சொன்னது?

அன்புள்ள தங்கச்சிக்கு,

"அக்கா, முதல்ல அந்த ஐ-751 அப்ரூவ் ஆகட்டும். அப்புறம் சிட்டிசன்ஷிப்பைப் பத்தி யோசிக்கலாம்" என்று போன வாரம் போனில் சொன்னாய். (ஐ-751 என்பது கிரீன் கார்டின் நிபந்தனையை நீக்கக் கேட்கும் மனு.) அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்ததால் "சரி, பார்க்கலாம்" என்று வைத்துவிட்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை. இதே பேச்சை இங்கே நியூஜெர்சியில் கோயில் வரிசையிலும் பிறந்தநாள் வீடுகளிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அதனால் உனக்கு எழுதுவதைப் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை. உனக்குக் கொஞ்சம் முன்னால் இதே வழியில் போனவள், அவ்வளவுதான்.

உன் கிரீன் கார்டை எடுத்துப் பார். 'ரெசிடென்ட் சின்ஸ்' என்று ஒரு தேதி இருக்கும். குடியுரிமைக்கான கணக்கு அந்த நாளிலிருந்துதான் ஓடுகிறது. கல்யாணமாகி இரண்டு வருடம் முடியுமுன் கார்டு கிடைத்ததால் உனக்கு இரண்டு வருட நிபந்தனைக் கார்டைக் கொடுத்தார்கள். கார்டுக்காகவே நடக்கும் போலிக் கல்யாணங்களைத் தடுக்க 1986-இல் வந்த சட்டம் அது. "அந்த இரண்டு வருஷம் சும்மா டிரையல்தானே, கணக்கில் வராதே" என்று உனக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது சரியில்லை. அந்த இரண்டு வருடமும் முழுசாகக் கணக்கில் சேரும். அமெரிக்கக் குடிமகனைக் கட்டிக்கொண்டு அவரோடு சேர்ந்து வாழ்கிறவளுக்கு மூன்று வருடம் போதும். மற்றவர்களுக்கு ஐந்து. அதிலும் 90 நாள் முன்னதாகவே என்-400, அதாவது குடியுரிமை விண்ணப்பத்தை, போட்டுவிடலாம். அந்த மூன்று வருடத்தில் 18 மாதமாவது நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். நீ உன் அப்பாவின், அதாவது என் சித்தப்பாவின், ஆபரேஷனுக்குப் போய்வந்த நாட்களைக் கழித்தாலும் அது தாராளமாகத் தேறும்.

நீ ஐ-751-ஐச் சரியான நேரத்தில் போட்டுவிட்டாய். கார்டு காலாவதியானாலும் ரசீதுக் கடிதம் அதை 48 மாதத்துக்கு நீட்டிக்கிறது. ஆக, இன்றைக்கும் உனக்கு நிரந்தர வசிப்புரிமை இருக்கிறது. அந்த விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே என்-400 போடத் தடை எதுவும் இல்லை. ஆனால் ஐ-751-க்கு முடிவு சொல்லாமல் குடியுரிமையைக் கொடுக்க மாட்டார்கள். முதல் பார்வைக்கு இது முட்டுக்கட்டை மாதிரித் தெரியும். உண்மையில் நமக்கு இதுதான் சாதகம். என்-400 நேர்காணலுக்குத் தேதி விழுந்தால், உள்ளூர் அலுவலகம் உன் பழைய ஃபைலையும் வரவழைத்தாக வேண்டும். பலருக்கு ஒரே உட்காரலில் இரண்டையும் முடித்துவிடுகிறார்கள். 'காம்போ இன்டர்வியூ' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். எங்கோ ஒரு அலமாரியில் தூங்குகிற ஐ-751-ஐ எழுப்ப என்-400-ஐவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். நேர்காணல் முடிந்து, சிவிக்ஸும் (அமெரிக்க வரலாறு, அரசமைப்பு பற்றிய தேர்வு) பாஸாகி, "பழைய ஃபைல் இன்னும் வந்து சேரவில்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு. அப்படி ஆனால் 120 நாள் கழித்து ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கோர்ட்டுக்கு முன்னால் உங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுப் பார். செலவில்லாத வேலை.

என் நேர்காணலைப் பற்றிக் கேட்டாய் அல்லவா? உன் அத்தான் ஆல்பம், வீடியோ, முகூர்த்தப் பத்திரிகை என்று ஒரு பையே தூக்கி வந்தார். அந்த அதிகாரி ஆல்பத்தைத் திறக்கவே இல்லை. அவர் கை போனது வரி ரிட்டர்னுக்கும் கார் இன்ஷூரன்ஸுக்கும்தான். இன்ஷூரன்ஸ் தாளில் இரண்டு பெயர்களின் கீழும் பேனாவால் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வீட்டில் சமையல் யார்?" என்று கேட்டார். விசாரணையா, சும்மா பேச்சா என்று இன்றுவரை தெரியவில்லை. நம் வீடுகளில் கரண்ட் பில்லிலிருந்து பாங்க் கணக்குவரை வீட்டுக்காரர் பேரில்தான் இருக்கும். "என் பேர் எதுக்கு" என்று நாமும் விட்டுவிடுவோம். இங்கே அந்தப் பெருந்தன்மை உதவாது. ஐ-751 அனுப்பிய பிறகு வந்த தாள்களைத் தனியே ஒரு உறையில் சேர்த்து வை. புது வாடகை ஒப்பந்தம், இரண்டு பேரும் கையெழுத்திட்ட வரி ரிட்டர்ன், இன்ஷூரன்ஸ் எல்லாம் அதில் போகட்டும்.

அப்புறம் ஒரு கேள்வி வந்தது: சட்டம் கேட்டால் நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவாயா என்று. பல்லியைப் பார்த்தால் நாற்காலிமேல் ஏறுகிறவள், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு "யெஸ்" என்றேன். சிவிக்ஸ் எனக்குப் பழைய முறை. 100 கேள்வி படித்து, பத்தில் ஆறு சொன்னால் போதும். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பம் போடுகிறவர்களுக்கு 128 கேள்வி. அதில் 20 வரை கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். நீ அதில்தான் வருவாய். பிளஸ் டூவில் வரலாற்றை மனப்பாடம் செய்த உனக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை.

உன் பெயர்த் தொல்லையையும் இதிலேயே தீர்த்துக்கொள். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்ததால் விசாவில் உன் பெயருக்கு முன்னால் 'எஃப்என்யூ' ('முதல் பெயர் தெரியாது' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) ஒட்டிக்கொண்டு, லைப்ரரி அட்டைவரை நீ 'ஃப்னூ' ஆனாயே! என்-400-லேயே பெயர் மாற்றம் கேட்கலாம். என்ன, அப்படிக் கேட்டால் உறுதிமொழி நீதிபதி முன்னால் எடுக்க வேண்டியிருக்கும். சில ஊர்களில் அந்தத் தேதி கிடைக்கத் தாமதமாகும்.

இனி சித்தப்பா. "இந்தியப் பாஸ்போர்ட்டை விடுறதா?" என்று அவர் வருத்தப்படுகிறாராமே. அந்த வருத்தம் நியாயமானது, அதைத் தள்ளிவிட்டுப் பேச மாட்டேன். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. இங்கே உறுதிமொழி எடுத்த அன்றே 1955 சட்டப்படி அங்கே குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள்) அட்டை எடுக்க வேண்டும். ஓசிஐ வைத்துக்கொண்டு ஓட்டுப் போட முடியாது, வயல் வாங்க முடியாது. ஆனால் சித்தப்பாவின் நிலம் உனக்கு வாரிசாக வந்தால் அதற்குத் தடை இல்லை. அவருக்குள் இருக்கும் பயம் அதுதான் என்று நினைக்கிறேன். இன்னொன்றையும் சொல்: கிரீன் கார்டை வைத்து அப்பா அம்மாவுக்கு மனுப் போட முடியாது. குடியுரிமை இருந்தால் போடலாம், அதற்கு ஆண்டு ஒதுக்கீட்டு வரிசையும் இல்லை. அவர்கள் வரமாட்டேன் என்றால் அது வேறு கதை.

உனக்கே மனசில்லை என்றால் போடாதே. பத்து வருடக் கார்டு வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறவர்கள் நிறையப் பேர். ஆனால் அது நீயும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவாக இருக்க வேண்டும். 'கேஸ் ரிசீவ்ட்' என்று மாதக்கணக்கில் ஒரே வரியைக் காட்டும் ஒரு வெப்சைட் அதை உனக்காக முடிவு செய்யக் கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. மாப்பிள்ளைக்கு டல்லாஸ் பக்கம் வேலை வரலாம் என்றாய். மூன்று வருடக் கணக்கின் அடிப்படையே சேர்ந்து வாழ்வதுதான். அவர் மட்டும் அங்கே போய், நீ இங்கே இருக்கிற மாதிரி ஆனால் விண்ணப்பம் போடுமுன் ஒரு நல்ல இமிக்ரேஷன் வக்கீலிடம் காட்டிவிடு. இரண்டு பேரும் வீடு மாறினால் பத்து நாளுக்குள் முகவரி மாற்றம் சொல்ல வேண்டும்.

டிக்கெட் விஷயமும் கேள். உறுதிமொழி நாளன்று கிரீன் கார்டை வாங்கிக்கொள்வார்கள். அமெரிக்கப் பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை ஊருக்குக் கிளம்ப முடியாது. அது வந்தாலும் ஓசிஐயோ விசாவோ இல்லாமல் இந்தியாவுக்குள் நுழைய முடியாது. தம்பி கல்யாணம் தையில் என்றால் அதைப் பார்த்துத் தேதிகளைப் போடு.

ஆன்லைனில் போட்டால் 710 டாலர், தாளில் போட்டால் 760. அனுப்புமுன் ஃபீஸை ஒருமுறை சரிபார்த்துக்கொள். ஃபார்மை நிரப்பியதும் எனக்கு அனுப்பு. வெளிநாட்டுப் பயணத் தேதிகளைப் பாஸ்போர்ட் முத்திரையோடு ஒத்துப்பார்த்துத் தருகிறேன். சித்தப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை நானே பேசுகிறேன்.

அன்புடன்,
அக்கா